இரண்டு சாவிகள்

டாட்ஜ் சார்ஜர் ஹெல்கேட் என்ற அமெரிக்கக் காருக்கு இரண்டு விதச் சாவிகள் உண்டு. கறுப்புச் சாவியைக் கொண்டு வண்டியை எடுத்தால் எஞ்சின் 500 குதிரைத்திறனோடு நின்றுகொள்ளும். சிவப்புச் சாவிக்குத்தான் முழுச் சக்தியும் அவிழும்: 707 குதிரைத்திறன். 2015 மாடலாக அது வந்தபோது, உலகத்திலேயே அதிக சக்தி கொண்ட நான்கு கதவுக் கார் என்று கம்பெனி பெருமை பேசியது. ஐந்து பேர் உட்காரலாம். பின்சீட்டில் குழந்தையை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகலாம், டிக்கியில் மளிகைச் சாமான் ஏற்றலாம். அதே வண்டி, நின்ற இடத்திலிருந்து கிளம்பிக் கால் மைலை, அதாவது 402 மீட்டரை, 11 வினாடியில் கடந்துவிடும். டிராக் ரேஸ் என்ற பந்தயத்தின் தூரம் அது.

எந்தச் சாவியை எங்கே எடுப்பது என்பதைக் கம்பெனி வாங்கியவனிடமே விட்டுவிட்டது. பந்தயத்துக்கென்றே செய்த வண்டியில் இந்தச் சங்கடம் இல்லை. அதை லாரியில் ஏற்றித் திடலுக்குக் கொண்டுபோவார்கள், லாரியில் ஏற்றித் திரும்புவார்கள். குடும்பக் காருக்குள் பந்தயக் குதிரையை அடைத்து வைத்திருப்பவன் மட்டும் ஒவ்வொரு காலையிலும் தன்னையே ஒருமுறை கேட்டுக்கொண்டுதான் வண்டியைக் கிளப்ப வேண்டியிருக்கிறது.

707 போதாது என்பவர்களும் உண்டு. சூப்பர்சார்ஜரைச் சுழற்றும் புல்லியைக் கழற்றிவிட்டு அதைவிடச் சிறியதைப் பூட்டுவார்கள். சூப்பர்சார்ஜர் இன்னும் வேகமாகச் சுழன்று எஞ்சினுக்குள் இன்னும் அதிகக் காற்றைத் திணிக்கும். காற்றுக்கு ஈடாக எரிபொருள் போக வேண்டுமே என்று இன்ஜெக்டரை மாற்றுவார்கள், எத்தனால் கூடுதலாகக் கலந்த எரிபொருளை ஊற்றுவார்கள், கம்ப்யூட்டரில் டியூனிங் செய்வார்கள். காடிலாக் சி.டி.எஸ்.-வி, பி.எம்.டபிள்யூ எம்5, மெர்சிடிஸ் ஏ.எம்.ஜி ஈ63 என்று இந்த ரகக் கார்கள் எல்லாவற்றுக்கும் இப்படி ஏதோ ஒரு வைத்தியம் நடக்கிறது. டர்போ வண்டியில் வேலை இன்னும் சுலபம். காற்றழுத்தத்தைக் கம்ப்யூட்டர் வழியாகவே ஏற்றிவிடலாம்.

ஏற்றிய சக்தி தரையில் இறங்கினால்தானே ஓட்டம்? சாதாரண டயர் அந்த முறுக்குவிசையைத் தாங்காமல் நின்ற இடத்திலேயே சுழன்று புகையும். அதனால் விஷயம் தெரிந்தவர்கள் முதல் 60 அடியை எத்தனை வினாடியில் கடந்தோம் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அங்கே தொலைத்ததைக் கடைசி 100 மீட்டரில் மீட்க முடியாது. ஓட்டம் முடிந்ததும் கையில் ஒரு டைம் ஸ்லிப் தருவார்கள். பச்சை விளக்குக்குப் பின் கிளம்ப எடுத்துக்கொண்ட நேரம், 60 அடி, 330 அடி, பாதித் தூரம், முடிவுக் கோடு, அங்கே வண்டியின் வேகம் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். நண்பர்களிடம் பீற்றிக்கொண்ட குதிரைத்திறனுக்கு அந்தத் துண்டுச் சீட்டில் இடமே கிடையாது.

அமெரிக்காவில் டிராக் பந்தயங்களை நெறிப்படுத்தும் பெரிய அமைப்பு என்.எச்.ஆர்.ஏ. அதன் விதிப்புத்தகத்தில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. கால் மைலை 13.99 வினாடிக்குள் ஓடுகிறவன் ஹெல்மெட் போட வேண்டும். 11.49-ஐத் தொட்டால் வண்டிக்குள் ரோல் பார் என்ற இரும்பு வளைவு வேண்டும். 10 வினாடிக்குக் கீழே இறங்கினால் ஓட்டுபவனைச் சுற்றி முழு இரும்புக் கூண்டு, தனி உரிமம். கம்பெனியிலிருந்து வந்தபடியே ஓடும் புதிய கார்களுக்குப் பின்னாளில் சில தளர்வுகள் தந்தார்கள். அடிப்படை அப்படியேதான் இருக்கிறது. வேகம் கூடக் கூடக் கடமையும் கூடுகிறது. நம் ஊர் வாழ்க்கையில் இது பெரும்பாலும் தலைகீழ். பணமும் பதவியும் ஏற ஏற, முதலில் நாம் கேட்பது விதிவிலக்கு.

டாட்ஜ் கம்பெனியும் இந்த விதிகளுக்குத் தப்பவில்லை. 2017-இல் டாட்ஜ் சேலஞ்சர் டீமன் என்ற இரண்டு கதவுக் காரை அறிமுகம் செய்தது: 840 குதிரைத்திறன், கால் மைலுக்கு 9.65 வினாடி. கூண்டு இல்லாமல் அந்த நேரத்தில் எங்கள் பந்தயங்களில் ஓட முடியாது என்று என்.எச்.ஆர்.ஏ சொல்லிவிட்டது. ஒரு பாதுகாப்புக் குறையைச் சுட்டிய தடை அது. கம்பெனியோ தடையையே விளம்பரமாக்கிக்கொண்டது. பந்தய அமைப்பே பயப்படும் வண்டி என்றால் வாங்குகிறவனுக்கு எவ்வளவு இனிக்கும்! இதைச் சாமர்த்தியம் என்று மெச்சியவர்கள் அதிகம். எனக்கு அது அருவருப்பாகவே இருந்தது.

டிராக் ரேஸ் என்றாலே முரட்டுத்தனம் என்று நினைப்பவர்களுக்கு அதன் ஒரு கிளையைச் சொல்ல வேண்டும். பிராக்கெட் ரேஸிங் என்பார்கள். வார இறுதியில் சொந்தக் காரோடு வருகிற சாதாரண மனிதர்களின் பந்தயம் இது. ஓடுவதற்கு முன், தன் வண்டி எத்தனை வினாடியில் ஓடும் என்று ஒவ்வொருவரும் அறிவிக்க வேண்டும். அதற்கு டயல்-இன் என்று பெயர். பலர் கண்ணாடியிலேயே பெரிதாக எழுதிவிடுவார்கள். ஒருவர் 11.20, மற்றவர் 15.40 என்று எழுதியிருந்தால், மெதுவான வண்டி 4.20 வினாடி முன்னதாகவே கிளம்பும். கோட்டின் அருகே நிற்கும் கம்பத்தில் மஞ்சள் விளக்குகள் அரை வினாடி இடைவெளியில் ஒவ்வொன்றாக இறங்கி வரும், பிறகு பச்சை. முந்திக் கிளம்பினால் சிவப்பு விழும், ஆட்டம் போச்சு.

இனிமேல்தான் சூட்சுமம். 11.20 என்று எழுதியவர் 11.18-இல் ஓடிவிட்டால் அவர் தோற்றார். வேகமாக ஓடியதற்காகத் தோற்கிறார். எதிராளி அதைவிடப் பெரிய பிழை செய்திருந்தாலொழிய அவருக்கு மீட்சி இல்லை. வேறெந்த ஓட்டப் பந்தயத்திலும் இப்படி ஒரு விதியை நான் பார்த்ததில்லை. 700 குதிரைத்திறன் கொண்டவனை ஒரு பழைய குடும்பக் கார் வீட்டுக்கு அனுப்பிவிடுவது அங்கே சகஜம். காலைக் குளிருக்கும் மதிய வெயிலுக்கும் தன் எஞ்சின் எப்படி மாறுகிறது, காற்றின் ஈரம் எவ்வளவு நேரத்தைத் தின்கிறது, தன் கை எப்போது தயங்குகிறது என்பதெல்லாம் தெரிந்தவன்தான் சரியான எண்ணை எழுத முடியும். ஒருமுறை அபாரமாக ஓடிக் காட்டுவது லேசு. அடுத்த ஓட்டத்திலும் அதற்கடுத்த ஓட்டத்திலும் அதே எண்ணில் வந்து நிற்பதுதான் பாடு.

இதிலும் கள்ளம் உண்டு. தன் வண்டியால் 11.00 ஓட முடியும் என்று தெரிந்தே 11.20 என்று எழுதிவிட்டு, முடிவுக் கோட்டுக்கு அருகில் எதிராளியை ஓரக்கண்ணால் பார்த்து பிரேக்கை மிதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அடக்கத்தையும் சூதாக ஆடலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். நமக்குத் தெரிந்த சில பணிவான மனிதர்களும் நினைவுக்கு வரக்கூடும்.

இந்த ஒழுங்கெல்லாம் வானத்திலிருந்து விழவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த ஆண்டுகளில் தெற்குக் கலிஃபோர்னிய இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களைப் பிரித்து மேய்ந்து, வறண்ட ஏரிப் படுகைகளிலும், அதைவிட அதிகமாக ஊர்த் தெருக்களிலும் ஓட்டினார்கள். செத்தார்கள், சாகடித்தார்கள். பத்திரிகைகள் திட்டின, போலீஸ் துரத்தியது. ‘ஹாட் ராட்’ இதழின் ஆசிரியராக இருந்த வாலி பார்க்ஸ் வேறு வழியைக் கண்டார். இவர்களை ஒழிக்க முடியாது, இடம் கொடுப்போம் என்றார். 1951-இல் என்.எச்.ஆர்.ஏ பிறந்தது. 1955-இல் கான்சாஸ் மாநிலத்தின் கிரேட் பெண்ட் நகரில் முதல் தேசியப் பந்தயம் நடந்தது. அந்த ஓடுபாதை போர்க்காலத்தில் ராணுவ விமானங்களுக்காகப் போட்டது. கலிஃபோர்னியாவின் போமோனா நகரத்திலோ திடல் அமையக் காவல்துறையே துணை நின்றது.

திடல் என்றால் ஆபத்து இல்லாத இடம் என்று நினைத்துவிட வேண்டாம். 2008 ஜூனில் நியூ ஜெர்சியின் இங்லிஷ்டவுன் திடலில், எஞ்சின் வெடித்த வண்டி நிற்காமல் பாதையின் முடிவைத் தாண்டிப் போனதில் அதை ஓட்டிய ஸ்காட் கலிட்டா இறந்தார். சில நாட்களுக்குள்ளேயே, அதிவேகப் பிரிவுகள் இரண்டுக்கும் பந்தயத் தூரத்தை 1,320 அடியிலிருந்து 1,000 அடியாகக் குறைத்தார்கள். கால் மைல் என்பது அந்த விளையாட்டின் அடையாளம், அதையே வெட்டினார்கள். வேகம் இரட்டித்தால் வண்டிக்குள் இருக்கும் இயக்க ஆற்றல் நான்கு மடங்கு என்பது பள்ளிப் பாடம். ஓடுவதற்கு ஒதுக்கும் இடத்தைவிட நிற்பதற்கு ஒதுக்கும் இடம்தான் உயிரைக் காக்கிறது. தெருவில் அந்த இரண்டாவது இடம் இல்லை. முடிவுக் கோட்டுக்கு அப்பால் அங்கே இருப்பது ஒரு சிக்னல், ஒரு டீக்கடை, பால் பாக்கெட்டோடு சாலையைக் கடக்கும் ஒரு பெண். திடலில் மோதும் இருவரும் சம்மதித்து வந்தவர்கள். அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை.

நமக்கும் இதில் பழைய உறவு உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுபாதையில்தான் பல பத்தாண்டுகள் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் நடந்தன. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் முறையான திடல் வந்தது. அங்கே டிராக் ரேஸும் நடந்திருக்கிறது. ஆனாலும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நள்ளிரவில் சீறும் பையனுக்கு அந்தத் திடல் தனக்கானது என்ற எண்ணமே இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவின்படி பொதுச் சாலையில் பந்தயம் விட்டால் முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2019 திருத்தத்துக்கு முன் அபராதம் 500 ரூபாய்தான் இருந்தது. அபராதத்தைப் பத்து மடங்கு ஆக்கினோம். ஓடுவதற்கு இடம் எத்தனை மடங்கு ஆனது?

சட்டம் இருக்கட்டும். காவல்துறையும் மோட்டார் சங்கங்களும் சேர்ந்து, சொந்த வண்டியோடு வருகிறவனுக்கு 402 மீட்டரை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது திறந்துவிடட்டும். ஹெல்மெட்டையும் பிரேக்கையும் சோதித்து உள்ளே விடட்டும். கட்டணம் ஒரு சினிமா டிக்கெட் விலையைத் தாண்ட வேண்டாம். பெற்றோருக்கும் ஒரு வேலை இருக்கிறது. என் வண்டி அப்படிப் போகும் இப்படிப் போகும் என்று மகன் சொன்னால் அதட்டாதீர்கள். “தம்பி, டைம் ஸ்லிப்பைக் காட்டு” என்று கேளுங்கள்.