நா யாருக்கு உரியது

ஓர் ஊரைப் பற்றி அந்த ஊராரே நடத்தும் சிறு ஊடகம் தன்னைச் சுயேச்சையானது என்று சொல்லிக்கொள்ளும்போது ஒரு பழைய கேள்வி எழுகிறது. பேசுகிறவர் எதிலிருந்து விடுபட்டால் அவருடைய சொல் சுயேச்சையான சொல் ஆகும்? பணம் தருபவரிடமிருந்து விடுபட்டால் போதுமா, அரசிடமிருந்தும் விடுபட வேண்டுமா, தம்மிடமிருந்தேகூட விடுபட வேண்டுமா? கைபேசியில் பதிவாகும் ஒலித்தொடர்கள் புதியவை. ஆனால் திருப்பதி, சித்தூர் வட்டாரத்தில் இந்தக் கேள்வி ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகச் சமய மொழியில் கேட்கப்பட்டு வருகிறது.

அதன் தெளிவான தொடக்கம் நம்மாழ்வாரிடம் இருக்கிறது. திருவாய்மொழியின் மூன்றாம் பத்து, ஒன்பதாம் திருவாய்மொழி முழுவதும் மனிதரைப் பாட மறுக்கும் பாட்டு. மறுப்பதற்குக் காரணமாக முதல் பாட்டிலேயே திருவேங்கடத்தான் பெயர் வருகிறது. தன் கவிதை ஏற்கெனவே ஒருவருக்கு உரியதாகிவிட்டது, அதை இன்னொருவருக்குக் கொடுக்க வழியில்லை என்பது ஆழ்வாரின் நிலை. புரவலரை நம்பும் புலவர்களுக்கு அவர் சொல்லும் மாற்றுவழி வியப்பூட்டும் அளவுக்கு நடைமுறையானது. உடலை வருத்திக் கைத்தொழில் செய்து பிழையுங்கள், கொடுக்கும் செல்வர் எவரும் உலகில் இப்போது இல்லை என்கிறார். வயிற்றுக்கு ஒரு வேலை, பாட்டுக்கு வேறொரு தலைவன் என்று இரண்டையும் பிரித்து வைப்பதுதான் இந்த அறிவுரை.

இந்த நிலைக்குத் தத்துவ வடிவம் தந்தவர் வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர். முமுட்சுப்படி என்ற நூலில் ‘ஓம்’ என்னும் பிரணவத்தின் நடு எழுத்தான உகாரத்துக்கு அவர் சொல்லும் பொருள், உயிர் இறைவனைத் தவிர வேறெவருக்கும் உரியதல்ல என்பது. அங்கே அவர் துணிந்து ஒரு படி மேலே போகிறார். இறைவனுக்கு உரியதாக இருப்பதைவிட, பிறருக்கு உரியதாக இருப்பது ஒழிவதே முதன்மை என்கிறார். அந்தப் ‘பிறர்’ கணக்கில் தன்னையும் சேர்த்துவிடுகிறார். உயிர் பிறருக்கும் உரியதல்ல, தனக்கும் உரியதல்ல. இன்றைய பேச்சில் சுயேச்சை என்றால் ‘நான் யாருக்கும் கட்டுப்பட்டவனல்ல’ என்று பொருள். வைணவ மரபு இதைப் பாதி விடுதலையாகவே கருதும். அரசனிடமிருந்து தப்பித்துத் தன் அகந்தையிடம் சிக்கியவன் எசமானனை மாற்றிக்கொண்டவன்தான்.

பிறருக்கு உரியதல்லாமல் இருப்பது என்ற முதல் பாதி எப்படிச் சோதிக்கப்படும் என்பதற்குத் தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியார் என்ற அன்னமய்யா (1408–1503) வாழ்க்கையில் ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. அவருடைய பேரன் சின்னன்னா தெலுங்கில் இயற்றிய அன்னமாச்சார்ய சரித்திரம் அதைப் பதிவு செய்கிறது. சாளுவ நரசிம்மர் அன்னமய்யாவின் பாட்டைக் கேட்டு மகிழ்ந்து, தன்மீதும் அப்படி ஒன்று பாடச் சொல்கிறார். அன்னமய்யா காதைப் பொத்திக்கொண்டு மறுக்கிறார். சிறை, விலங்கு, பிறகு வேங்கடவனை நோக்கி ஒரு பாட்டு, விலங்கு கழன்று விழுதல், அரசர் மன்னிப்புக் கேட்டல் என்று கதை போகிறது. சந்திரகிரியை மையமாகக் கொண்டு ஆண்டு, 1485இல் விஜயநகர அரியணையையே பிடித்தவர் நரசிம்மர். திருமலைக் கோயிலுக்கு அள்ளிக் கொடுத்தவரும் அவரே. ஆகவே மறுக்கப்பட்டவர் பகைவர் அல்லர், பக்தர், நண்பர், புரவலர். பகைவனிடம் மறுப்பது எளிது. சோறு போடுகிற நல்லவரிடம் மறுப்பதில்தான் சொல்லின் உரிமை தெரிகிறது. ஊர்ப் பெரியவர் ஒருவர் ஒலிவாங்கி வாங்கிக் கொடுத்துவிட்டு, தன் பிறந்தநாளுக்கு ஒரு சிறப்பு நிகழ்ச்சி கேட்கும் நாளில் சிறு ஊடகம் சந்திப்பதும் இதே சோதனைதான்.

இந்தக் கதையை அப்படியே முடிந்த விடையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தாள்ளபாக்கக் குடும்பம் பின்னாளில் செல்வமும் செல்வாக்கும் உள்ள குடும்பமாயிற்று. அன்னமய்யாவின் மகன் பெத்த திருமலாச்சாரியார் கோயிலுக்குச் செய்த பெரும் அறக்கொடைகளைத் திருமலைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. அரசனைப் பாடாத குரல் அரசனின் பொருளாதாரத்துக்குள்ளேயே வாழ்ந்தது. நம்மாழ்வார் சொன்ன கைத்தொழில் வழிக்கும் இதற்கும் உள்ள தொலைவு பெரிது. கொடையைக் கோயில் வழியாகப் பெறுவதால் கட்டுப்பாடு நீங்கிவிடுகிறதா என்ற ஐயம் நியாயமானது. அதற்கு வைணவ உரைகளில் நேரான விடை கிடைப்பதில்லை.

ஊர்க் கூத்தில் ஒரு விடை கிடைக்கிறது. சித்தூர் வட்டாரத்து ஊர்களில் தர்மராஜா கோயில்களிலும் திரௌபதி அம்மன் கோயில்களிலும் நடக்கும் பாரதம், எல்லைக்கு இப்பால் வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் நடப்பதன் உடன்பிறப்பு. பகலில் பாரதக் கதை, இரவில் கூத்து, அர்ச்சுனன் தபசு, துரியோதனன் படுகளம், கடைசியில் தீமிதி. செலவை ஊரே ஏற்கிறது. தலைக்கட்டு வரி என்று வீட்டுக்கு வீடு ஒரே அளவாகத் தண்டுவது தமிழ்ப் பக்கத்து வழக்கம். எல்லா வீடும் கொடுத்திருப்பதால் எந்த ஒரு வீடும் கதையைத் தன் பக்கம் வளைக்க முடியாது. புரவலரே இல்லாமல் செய்வதைவிட, எல்லாரையும் சிறு புரவலர்களாக்குவது வலுவான ஏற்பாடு. குறையும் உண்டு. எந்தத் தெரு தலைக்கட்டுக் கணக்கில் வருகிறது, எந்தத் தெரு வருவதில்லை என்பதில் சாதி நின்றுகொண்டிருக்கும். வரி கொடுக்க அனுமதிக்கப்படாத தெருவின் குரலைக் கூத்தும் சொல்லாது.

அப்படிப்பட்ட குரல் அலையேறிய முன்மாதிரி ஒன்று இன்றைய தெலங்கானாவில், ஜாஹீராபாத் பக்கம் இருக்கிறது. அலைவரிசை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னது. தொண்டு அமைப்புகளும் சமுதாய வானொலி நடத்தலாம் என்று 2006இல் விதி வந்தது. அதன்படி 2008இல் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோ தொடங்கியது. விதையும் உழவும் பாட்டும் அந்தப் பெண்களின் சொல்லிலேயே ஒலித்தன. ஆனால் சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப விதி இடம் தரவில்லை. நா ஊருக்கு உரியதாயிற்று, செய்தி மட்டும் அரசுக்கு உரியதாக நின்றது.

லோகாசாரியர் சொன்ன இரண்டாம் பாதி, தனக்கும் உரியதல்லாமல் இருப்பது, இன்னும் கடினமானது. பழைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியில் 1895இல் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி இதற்கு எதிர்த் திசையிலிருந்து வந்தார். உலக ஆசானாக அறிவிக்கப்பட்டு, தனக்கென்றே அமைக்கப்பட்ட நட்சத்திர சங்கத்தை 1929 ஆகஸ்ட் 3ஆம் நாள் நெதர்லாந்தின் ஓமனில் அவரே கலைத்தார். எந்த நிறுவனமும் எவரையும் உண்மைக்கு வழிநடத்த முடியாது, ஒருவரைப் பின்பற்றத் தொடங்கிய கணமே உண்மையைப் பின்பற்றுவது நின்றுவிடுகிறது என்பது அவர் வாதம். உயிர் இறைவனுக்கு அடிமை என்பதையும் அவர் ஏற்கமாட்டார். ஆனாலும் இரு தரப்பும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. பேசுகிறவரின் பெருமை சொல்லுக்கு ஆதாரமாகக் கூடாது. அவர் உரைகள் ஒலிநாடாக்களிலும் படச்சுருள்களிலும் ஏராளமாகப் பதிவாகி, அறக்கட்டளைகளின் காப்பில் இருக்கின்றன. அதிகாரம் வேண்டாம் என்ற குரலைக் காக்கவும் ஓர் அமைப்பு வேண்டியிருக்கிறது.

திருப்பதியின் தாத்தய்யகுண்ட கங்கம்மா ஜாத்திரை தன்னை விடுவதற்கு வேறு வழி வைத்திருக்கிறது. ஊர்ப் பெண்களைத் துன்புறுத்திய பாளையக்காரனை அம்மன் வேடம் மாறி மாறித் தேடிக் கொன்ற கதையை ஒட்டி, மே மாதம் ஒரு வாரம் ஆண்கள் வேடம் பூண்கின்றனர். பைராகி வேடம், பண்ட வேடம், பெண் வேடம் என்று நாளுக்கு ஒன்று. வேடக்காரர் கண்டபடி திட்டலாம், கேட்பவர் கோபப்படுவதில்லை, ஏனெனில் அந்தச் சொல் அவருடையது அல்ல. வெங்கடேசுவரரின் தங்கையாகக் கருதப்படும் இந்த அம்மனுக்குத் தேவஸ்தானமும் சீர் அனுப்புகிறது. பெயரை மறைத்துக்கொண்டு இணையத்தில் வசைபாடுவதும் இதுவும் ஒன்றல்ல. வேடத்துக்குள் இருப்பது யார் என்று பக்கத்து வீட்டாருக்குத் தெரியும், வாரம் முடிந்ததும் அவர் அதே தெருவில்தான் வாழ வேண்டும். தன்னை விடுவதும் பொறுப்பைக் கைவிடுவதும் வேறு வேறு என்பதை ஜாத்திரை காப்பாற்றி வைத்திருக்கிறது. பார்வை எண்ணிக்கையை நாள்தோறும் எண்ணும் ஊடகத்தில் நடப்பது நேர்மாறானது. அங்கே தன்னை விடவும் முடிவதில்லை, பொறுப்பும் நிற்பதில்லை.

எஞ்சுவது சொல்லைக் காப்பது. அன்னமய்யா 32,000 பாடல்கள் பாடியதாக மரபு. அவற்றில் மிஞ்சிய பல்லாயிரம் பாடல்களுக்குக் காரணம், குடும்பத்தார் அவற்றைச் செப்பேடுகளில் பொறித்துத் திருமலைக் கோயிலுக்குள் சங்கீர்த்தன பண்டாரம் என்ற சிறு அறையில் வைத்ததுதான். செம்பு காத்தது, அறை மறைத்தது. 20ஆம் நூற்றாண்டில் செப்பேடுகள் வெளிவந்து வேட்டூரி பிரபாகர சாஸ்திரி போன்றோர் பதிப்பித்தபோது ராகப் பெயர்கள் இருந்தன, மெட்டு இல்லை. ராள்ளபல்லி அனந்தகிருஷ்ண சர்மா முதலியோர் புதிதாக மெட்டமைக்க வேண்டியிருந்தது. பழைய சித்தூர் மாவட்டத்துத் தரிகொண்டாவிலிருந்து வந்த பக்திக் கவிஞர் வெங்கமாம்பா (1730–1817) இளம் விதவை, கோலம் மாற்ற மறுத்து ஊரின் எதிர்ப்பைச் சந்தித்தவர் என்று சொல்லப்படுபவர். அவர் பெயரால் வழங்கும் முத்தியால ஹாரத்தி திருமலையில் ஏகாந்த சேவையின்போது இன்றும் இரவுதோறும் எடுக்கப்படுகிறது. அது எந்த அறையிலும் பூட்டப்படவில்லை, தேடிக் கண்டெடுக்கவும் நேரவில்லை. ஊர்க்குரலைப் பதிவு செய்து வேறொருவர் சேமிப்பகத்தில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணும் ஊடகம் செப்பேட்டு வழியில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பாரதம் நடத்தும் ஊர்களில் பிள்ளைகள் வாத்தியாரிடம் அடவும் பாட்டும் கற்கும் வரையில்தான் அந்தப் பதிவுக்கு அடுத்த ஆண்டு பதிவு செய்ய ஏதேனும் இருக்கும்.