பூரணச் சாக்லேட்டும் வாங்குபவர் பொறுப்பும்

வீட்டில் பூரணம் வைத்த சாக்லேட் செய்ய நினைப்பவருக்கு முதல் தடை விலை. கடையில் ஒரே எடையுள்ள இரண்டு கட்டிகள் அருகருகே இருக்கும். ஒன்றின் விலை மற்றதைப்போல இரண்டு மடங்கு, சில வேளை மூன்று மடங்கு. மலிவானதை எடுத்தால் பண்டம் கெடுமா என்பது சமையல் சார்ந்த கேள்வி. மலிவானதை எடுப்பதில் தவறு ஏதும் உண்டா என்பது அறம் சார்ந்தது. முதல் கேள்விக்குச் சமையற்காரர்களே விடை சொல்லிவிடுவார்கள். இரண்டாவதைச் சமயங்களும் தத்துவமும் நெடுங்காலமாக வேறு வேறு பண்டங்களை முன்வைத்து வாதாடி வந்திருக்கின்றன: இறைச்சி, சர்க்கரை, கடைசியில் கோகோ.

சாக்லேட்டின் விலை இரண்டு வழிகளில் குறைகிறது. ஒன்று, உள்ளே இருக்கும் கொழுப்பை மாற்றுவது. கோகோ வெண்ணெய் ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸில், அதாவது உடல் வெப்பத்துக்குச் சற்றே கீழே உருகும். கையில் திடமாக இருந்து நாக்கில் வைத்ததும் கரையும் குணம் அதனால் வருவது. நன்றாக டெம்பர் செய்த, அதாவது உருக்கி வெப்பநிலையைக் கட்டுப்படுத்தி உறையவைத்த கட்டியை உடைத்தால் ‘டக்’கென்று ஒலி கேட்கும், உடைந்த முகம் பொடியாமல் சீராக இருக்கும். அந்த வெண்ணெய்தான் விலை கூடிய சரக்கு. அதை எடுத்துவிட்டுப் பனைக்கொட்டைக் கொழுப்பு போன்ற தாவரக் கொழுப்போடு கோகோத் தூளையும் சர்க்கரையையும் சேர்த்தால் கிடைப்பது காம்பவுண்ட். அதற்கு டெம்பரிங் வேண்டாம், உருக்கி அச்சில் ஊற்றினால் போதும். வாயில் கரைவது மந்தமாக இருக்கும், கோகோ மணம் தட்டையாக இருக்கும். பணம் மிச்சம் பிடிக்க இரண்டையும் பாதிப் பாதி கலந்து உருக்குபவர்கள் உண்டு. அது வீண் வேலை. இரு கொழுப்புகளும் ஒன்றோடொன்று சேராமல், பூரணத்தை மூடும் சாக்லேட் ஓடு இளகிப்போகும், சில நாட்களில் மேலே வெள்ளை பூக்கும்.

இப்படிக் கொழுப்பை மாற்றுவது ஏமாற்றா? கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் 13ஆம் நூற்றாண்டில் வணிகத்தில் நேரும் மோசடிகளை ஆராயும்போது, விற்கும் பொருளில் மூன்று வகைக் குறை இருக்கலாம் என்று பிரிக்கிறார்: பொருளே வேறாக இருப்பது, அளவு குறைவது, தரம் குறைவது. விற்பவர் அறிந்தே மறைத்தால் மூன்றும் பாவம். இந்த அளவுகோலின்படி காம்பவுண்டைக் காம்பவுண்ட் என்றே சொல்லி விற்பதில் குற்றம் இல்லை. சாக்லேட் வரலாற்றில் மறைத்தவர்களும் உண்டு. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கோகோத் தூளில் உருளைக்கிழங்கு மாவும் சவ்வரிசி மாவும் கலப்பது சாதாரணம். பின்னாளில் தூய்மைக்குப் பெயர் பெற்ற கேட்பரி நிறுவனமும் 1866இல் கலப்படமற்ற தூளைக் கொண்டுவரும்வரை அந்த வழக்கத்துக்கு விலக்கல்ல. ஐரோப்பாவில் எதைச் சாக்லேட் என்று அழைக்கலாம் என்ற சச்சரவு 1973இல் பிரிட்டன் பொதுச் சந்தையில் சேர்ந்தபோது தொடங்கி 2000இல்தான் தீர்ந்தது. கோகோ வெண்ணெய் அல்லாத ஆறு தாவரக் கொழுப்புகளை 5 சதவீதம் வரை சேர்க்கலாம், ஆனால் உறையில் எழுத வேண்டும் என்று முடிவானது. அந்த ஆறில் சால் விதையும் கோகமும் மாங்கொட்டைப் பருப்பும் அடக்கம். மூன்றும் இந்தியாவுக்குப் பழக்கமானவை.

விலை குறையும் இரண்டாவது வழி உறையில் எழுதப்படுவதில்லை. அது கோகோ விதையைப் பறித்து, உடைத்து, உலர்த்தியவருக்குக் கொடுக்கும் கூலியைக் குறைப்பது. உலகக் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட்டிலும் கானாவிலும் விளைகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நார்க் ஆய்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட அறிக்கை, இவ்விரு நாடுகளிலும் கோகோ வேலையில் குழந்தைத் தொழிலாளராக இருந்தவர்கள் ஏறத்தாழ 15 லட்சத்து 60 ஆயிரம் பேர் என்று மதிப்பிட்டது. இதன் மிகக் கொடிய வடிவங்களை ஒழிப்பதாகச் சாக்லேட் நிறுவனங்கள் ஹார்க்கின்–எங்கல் உடன்பாட்டில் கையெழுத்திட்டது 2001இல். கட்டியைக் கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு இதில் பங்கு உண்டா என்பதே அறக் கேள்வி.

தமிழில் இந்தக் கேள்வி பழையது. திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம், தின்பவர் இல்லையென்றால் விற்பவரும் இருக்கமாட்டார் என்ற பொருளில் ஒரு குறளை வைக்கிறது. அதற்கு உரை எழுதும் பரிமேலழகர் எதிராளி ஒருவரை மனத்தில் கொண்டு பேசுகிறார். கொலை முதலில் நடந்துவிட்டது, தின்பது பிறகு நடக்கிறது. பின்னது முன்னதற்கு எப்படிக் காரணமாகும் என்பது அந்த எதிராளியின் வாதம். சாக்லேட் கடையில் இன்று சொல்லப்படுவதும் இதுவே: கோகோ ஏற்கெனவே பறிக்கப்பட்டது, கட்டி ஏற்கெனவே செய்யப்பட்டது, ஒருவர் வாங்காவிட்டால் இன்னொருவர் வாங்குவார். பரிமேலழகர் அருத்தாபத்தி என்ற அளவையைக் கொண்டு இதை மறுக்கிறார். பகலில் உண்ணாத தேவதத்தன் பருத்திருக்கிறான் என்றால் இரவில் உண்கிறான் என்று துணிவதே தருக்க நூல்கள் அந்த அளவைக்குக் காட்டும் வழக்கமான எடுத்துக்காட்டு. விலை கொடுப்பவர் இல்லாமல் ஊன் விற்பனை நிகழாது என்பதால், தின்பதைக் காரணமாகக் கொள்ளாமல் கொலையை விளக்க முடியாது.

பௌத்த மரபு இதில் சற்று நெகிழ்ந்து கொடுக்கிறது. தனக்காகக் கொல்லப்பட்டதைப் பார்க்கவில்லை, கேள்விப்படவில்லை, அப்படி ஐயம் கொள்ள இடமும் இல்லை என்ற மூன்றும் கூடினால் பிட்சு இறைச்சியை ஏற்கலாம். இது பிச்சை ஏற்பவருக்கான விதி, காசு கொடுத்து வாங்குபவருக்கானதல்ல. இருந்தாலும் அறியாமைக்கு எங்கே எல்லை என்பதை அது தெளிவாக வரைகிறது. ஆப்பிரிக்கக் கோகோவைப் பொறுத்தவரை ‘கேள்விப்படவில்லை’ என்று சொல்லும் உரிமை செய்தித்தாள் படிக்கும் யாருக்கும் இப்போது இல்லை.

குறளின் வாதத்தில் ஒரு மென்மையான இடம் உண்டு. அது ‘உலகம்’ வாங்காவிட்டால் என்கிறது. ஒருவர் வாங்காவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. 1791இல் லண்டனில் வெளியான வில்லியம் ஃபாக்ஸின் துண்டுப் பிரசுரம் இந்த இடைவெளியைக் கணக்குப் போட்டு அடைக்க முயன்றது. மேற்கிந்தியச் சர்க்கரையை அடிமைகள் விளைவித்தார்கள். வாரம் 5 பவுண்டு சர்க்கரையும் அதற்கேற்ற ரம்மும் செலவிடும் ஒரு குடும்பம் 21 மாதங்கள் அவற்றைத் தவிர்த்தால், ஒரு மனிதர் அடிமையாவதையோ கொல்லப்படுவதையோ தடுக்கலாம் என்றார் ஃபாக்ஸ். அவர் போட்ட கணக்கின் துல்லியம் ஐயத்துக்குரியது. ஆனால் குற்றத்தைச் சமையலறை அலமாரி வரை கொண்டுவந்து நிறுத்தியதால், பிரிட்டனில் பல்லாயிரம் குடும்பங்கள் சர்க்கரையை விட்டன.

பங்கு உண்டு என்றால் எவ்வளவு? கத்தோலிக்க அறநெறியில், குறிப்பாக 18ஆம் நூற்றாண்டின் அல்போன்ஸ் லிகோரிக்குப் பின், பிறர் செய்யும் தீமைக்குத் துணைபோவதை இரண்டாகப் பிரிப்பார்கள். தீய நோக்கத்தையே பகிர்ந்துகொள்வது ஒன்று. நோக்கத்தில் உடன்படாமல் செயலால் மட்டும் உதவுவது மற்றொன்று. இரண்டாவதிலும் நெருங்கிய துணை, தொலைவான துணை என்ற படிகள் உண்டு. கட்டி வாங்குபவர் செய்வது தொலைவான துணை. தக்க காரணம் இருந்தால் அது மன்னிக்கத் தக்கது. ஆசை மட்டும் தக்க காரணமாகாது.

2000களின் முற்பாதியில் டச்சுத் தொலைக்காட்சிச் செய்தியாளர் ஒருவர் இந்தப் படிகளைத் தாண்டிக் குதித்துப் பார்த்தார். சாக்லேட் தின்றதால் தானும் அடிமை முறைக்கு உடந்தை, தன்மீது வழக்குத் தொடருங்கள் என்று அதிகாரிகளிடம் போய் நின்றார். சட்டம் அதை ஏற்கவில்லை. 2005இல் அந்த முயற்சியிலிருந்து டோனிஸ் சாக்கோலோன்லி என்ற சாக்லேட் பிறந்தது. சட்டத்தின் முன் குற்றவாளி இல்லை என்பதும் பொறுப்பு இல்லை என்பதும் ஒன்றல்ல என்பதை அமெரிக்கத் தத்துவவாதி ஐரிஸ் யங் தெளிவாக்கினார். பழி, நடந்துமுடிந்த செயலைச் செய்தவரைத் தேடுகிறது. பொறுப்பு, அநீதியான அமைப்பில் இணைந்திருக்கும் எல்லோரிடமும் இனி என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்கிறது. அவரவர் வலிமைக்கு ஏற்ப அது கூடும், குறையும்.

வலிமை மிகுந்தவர்களே இதில் தடுமாறியதற்கு நல்ல சான்று கேட்பரி வழக்கு. குவேக்கர் சமயத்தைச் சேர்ந்த அக்குடும்பம் அடிமை முறையை வெறுத்த மரபில் வந்தது. 1901இல், அப்போது போர்ச்சுகீசிய ஆட்சியில் இருந்த சாவோ தோமே தீவில் ஒரு தோட்டம் விற்பனைக்கு வந்தபோது அதன் சொத்துப் பட்டியலில் தொழிலாளர்களும் விலையிடப்பட்டிருந்ததை வில்லியம் கேட்பரி அறிந்தார். நிறுவனத்தின் கோகோவில் ஏறத்தாழ பாதி அந்தத் தீவிலிருந்து வந்துகொண்டிருந்தது. உடனே நிறுத்தவில்லை. ஜோசப் பர்ட் என்பவரை 1905இல் விசாரணைக்கு அனுப்பினார்கள். வாங்குவதை நிறுத்திவிட்டால் போர்ச்சுகலை நெருக்கும் பிடி போய்விடும் என்று வாதிட்டார்கள். இதற்கிடையே 1906இல் ஹென்றி நெவின்சன் தன் பயணநூலில் அங்கோலாவிலிருந்து தொழிலாளர்கள் கொண்டுபோகப்படுவதை அம்பலப்படுத்தினார். 1908இல் ‘ஸ்டாண்டர்டு’ நாளிதழ் கேட்பரிகளின் பக்தியைக் கேலி செய்து எழுதியது. 1909 மார்ச்சில் கொள்முதல் நின்றது. அந்த நாளிதழ்மீது கேட்பரி தொடுத்த அவதூறு வழக்கு அவ்வாண்டு இறுதியில் பர்மிங்ஹாமில் நடந்தது. தீர்ப்பு கேட்பரி பக்கம். இழப்பீடாக ஜூரர்கள் தந்தது ஒரு ஃபார்த்திங், அதாவது பென்னியில் கால். பிடியைக் காக்க வேண்டும் என்ற வாதம் பொய்யல்ல. ஆனால் அதற்குக் காலவரை வேண்டும், எட்டு ஆண்டு அதிகம் என்று ஜூரர்கள் நினைத்தார்கள் போலும்.

வீட்டுச் சமையலறைக்கு அந்தப் பிடி கிடையாது, பணமும் குறைவு. முடியாததைக் கடமையாக்க முடியாது என்ற காண்ட்டின் கொள்கை இங்கே பொருந்தும். மாதச் சம்பளத்தில் கணக்குப் பார்ப்பவரை விலை உயர்ந்த கட்டியைத்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் அறம் வசதியுள்ளவர்களுக்கு மட்டுமான அறம். ஆனால் பூரணச் சாக்லேட்டுக்கு ஒரு சலுகை உண்டு, பலர் அதைக் கவனிப்பதில்லை. 12 கிராம் எடையுள்ள ஒன்றில் ஓடு பாதியளவுதான். கொழுக்கட்டையைப் போல மீதி முழுக்கப் பூரணம். 40 எண்ணத்துக்கு ஓடாக நிற்பது கால் கிலோ அளவு. அச்சை நிரப்பிக் கவிழ்க்க இன்னும் கொஞ்சம் கூடுதலாக உருக்க வேண்டும். வழிந்தது வீணாகாது, உறையவிட்டு மறுபடி டெம்பர் செய்யலாம். நாக்கு முதலில் தொடுவது ஓடு, ஆகவே நல்ல சாக்லேட் அங்கே போக வேண்டும். பூரணத்தைத் தேங்காய், முந்திரி, பேரீச்சை, இஞ்சி, எலுமிச்சை என்று உள்ளூர்ச் சரக்கில் செய்துகொண்டால், காம்பவுண்டில் எண்பது செய்யும் செலவில் உண்மையான சாக்லேட்டில் நாற்பது செய்யலாம்.

எதை வாங்குவது என்பதற்கு உறையின் பின்பக்கம் ஓரளவு உதவும். பொருள் பட்டியலில் கோகோ வெண்ணெய் இருக்க வேண்டும், ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு இருக்கக் கூடாது. விளைந்த இடமும் கொள்முதல் முறையும் எழுதப்பட்டிருந்தால் நல்லது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக விளையும் கோகோவில் செய்த சாக்லேட் இப்போது கிடைக்கிறது. அருகில் விளைந்தது என்பது மட்டும் நியாயமான கூலிக்குச் சான்றாகாது. விசாரித்து அறிவது எளிது என்பதே அதன் நன்மை. சான்றிதழ் முத்திரைகளையும் அந்த அளவிலேயே நம்பலாம்.

விலை கூடுதல் என்பதை மட்டும் அறத்தின் அடையாளமாகக் கொள்ளக் கூடாது. 2024இன் தொடக்கத்தில் உலகச் சந்தையில் கோகோ டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. கடைகளில் கட்டிகளின் விலை ஏறியது, எடை குறைந்தது. ஐவரி கோஸ்ட் அரசு அந்த ஏப்ரலில் விவசாயிக்கு உயர்த்தி நிர்ணயித்த விலை கிலோவுக்கு 1,500 சிஎஃப்ஏ பிராங்க், டன்னுக்குச் சுமார் 2,500 டாலர். அறுவடைக்கு முன்பே பெரும்பகுதியை முன்விற்பனை செய்துவிட்டதால், உச்ச விலை விளைவித்தவர் கைக்குப் போய்ச் சேரவில்லை.