மீதிக்காகக் காத்திருப்பவர்

பொதுக்காலம் 17-ஆம் ஞாயிறு (இரண்டாம் ஆண்டு)
வாசகங்கள்: 2 அரசர் 4:42-44, எபேசியர் 4:1-6, யோவான் 6:1-15



நம் அன்பியக் கூட்டத்தில், "உங்கள் வீட்டில் எதையும் வீணாக்காமல் காக்கும் பழக்கம் ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். முன்வந்து செபம் சொல்லத் தயங்கும் தாய்மார்கள்கூட இதற்கு முந்திக்கொண்டு பேசுவார்கள். அரிசி களைந்த தண்ணீரைக் கறிவேப்பிலைக் கன்றுக்கு ஊற்றுவதை ஒருவர் சொல்வார். காலையில் மீந்த இட்லியை உதிர்த்து மாலையில் உப்புமாவாகத் தாளிப்பதை இன்னொருவர் சொல்வார். தேய்ந்த சோப்புத் துண்டைப் புதுச் சோப்பில் ஒட்டிவைப்பது, பற்பசைக் குழாயை நறுக்கிக் கடைசிவரை எடுப்பது, பிள்ளைகளின் நோட்டில் எழுதாத தாள்களைத் தைத்து அடுத்த ஆண்டுக்கு ரஃப் நோட்டாக்குவது, கல்யாணப் பத்திரிகையின் வெள்ளைப் பக்கத்தில் பால் கணக்கு எழுதுவது என்று ஒவ்வொன்றாக வரும். அம்மா கட்டிய நூல் சேலை தம்பிக்குத் தொட்டிலானது, பிறகு அடுப்படியில் கரித்துணியானது, கடைசியில் வாசலில் கால்மிதியானது என்று ஒரு சேலையின் வரலாற்றையே சொல்பவர்களும் உண்டு.

இவற்றைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு பெருமை தெரியும். அந்தப் பெருமை நியாயமானது, அதற்கு இன்றைய நற்செய்தியிலேயே வேர் இருக்கிறது என்று சொல்லத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன். அதோடு, அந்தப் பெருமையை நோக்கி ஒரு கேள்வியையும் நற்செய்தி வைக்கிறது. மிச்சம் பிடித்தாயே, அது யாருக்காக?

திபேரியக் கடலின் மறுகரையில் நடந்ததை மனக்கண்முன் கொண்டுவருவோம். பாஸ்கா விழா நெருங்கிய காலம். ஐயாயிரம் ஆண்கள் புல்தரையில் அமர்ந்திருக்கிறார்கள். பிலிப்பு கணக்குப் போடுகிறார்: இருநூறு தெனாரியத்துக்கு அப்பம் வாங்கினாலும் ஆளுக்கு ஒரு துண்டுகூட வராது. ஒரு தெனாரியம் என்பது கூலியாள் ஒருவரின் ஒருநாள் ஊதியம். அந்திரேயா ஒரு சிறுவனைக் காட்டுகிறார். அவனிடம் இருப்பவை ஐந்து வாற்கோதுமை அப்பங்களும் இரண்டு மீன்களும். கோதுமை அப்பம் வசதியானவர்களுக்கு, வாற்கோதுமை அப்பம் ஏழைகளுக்கு. ஏழை வீட்டுச் சாப்பாட்டை இயேசு கையில் வாங்கி, நன்றி செலுத்தி, பகிர்ந்தளிக்கிறார். எல்லாரும் வயிறார உண்கிறார்கள்.

கதை அங்கே முடிந்திருக்கலாம். ஐந்து அப்பங்களைக் கொண்டு ஐயாயிரம் பேரை உண்பித்தவருக்கு, புல்லில் கிடக்கும் துண்டுகள் எதற்கு? நாளைக்கும் அவரால் அப்பம் கொடுக்க முடியுமே! ஆனாலும் அவர் சீடர்களைக் கூப்பிட்டு, மீந்த துண்டுகளில் ஒன்றும் வீணாகாமல் சேர்க்கச் சொல்கிறார். இந்த வல்ல செயலை நான்கு நற்செய்தியாளர்களும் எழுதியிருக்கிறார்கள், பன்னிரண்டு கூடைகளையும் நால்வருமே குறிப்பிடுகிறார்கள். ஆனால் அந்தக் கட்டளையை ஆண்டவரின் வாய்மொழியாகவே பதிவுசெய்திருப்பவர் யோவான் மட்டுமே. நம் வீடுகளில் பருக்கைகூட சிந்தாமல் வழித்துச் சாப்பிடச் சொல்லும் பாட்டியின் குரலுக்கு, ஆண்டவருடைய குரலின் துணை இருக்கிறது என்று நம்புங்கள். குறைவாக இருப்பதால் காப்பது ஒரு வகை. கொடையாக வந்ததால் காப்பது அதைவிடப் பெரிய வகை. ஆண்டவர் செய்தது இரண்டாவது.

இனி இந்த வாற்கோதுமையின் தடத்தைப் பின்தொடர்ந்து கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். முதல் வாசகத்தில் பாகால் சாலிசாவிலிருந்து வந்த மனிதர் ஒருவர், முதற்கனியாகிய இருபது வாற்கோதுமை அப்பங்களை இறைவாக்கினர் எலிசாவிடம் கொண்டுவருகிறார். எலிசா அவற்றைத் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை, மக்களுக்குக் கொடுக்கச் சொல்கிறார். நூறு பேர் உண்டனர், மீதியும் இருந்தது.

இன்னும் பின்னால் போனால் பெத்லகேம். வாற்கோதுமை அறுவடை தொடங்கும் நேரத்தில், கணவனை இழந்த ரூத்து, தன் மாமியார் நகோமியோடு அங்கே வந்து சேர்கிறாள். மோவாபு நாட்டுப் பெண், அயல்நாட்டவள். கையில் ஒன்றும் இல்லை. போவாசின் வயலில் அறுவடையாளர்களின் பின்னால் நடந்து, சிந்திய கதிர்களைப் பொறுக்குகிறாள். சாப்பாட்டு வேளையில் போவாசு அவளுக்கு வறுத்த தானியம் கொடுக்கிறார். ரூத்து நூலில் உள்ள ஒரு சிறு குறிப்பை நாம் எளிதில் தாண்டிப் போய்விடுகிறோம். அவள் வயிறார உண்டாள், கொஞ்சம் மீந்தது, அந்த மீதியை மாலையில் வீட்டுக்குக் கொண்டுபோய் மாமியாருக்குக் கொடுத்தாள். பகல் முழுவதும் வெயிலில் குனிந்து நிமிர்ந்த பெண், தன் பங்கைச் சாப்பிடும்போதே, வீட்டில் பசியோடு இருப்பவரை நினைத்திருக்கிறாள்.

அந்த ரூத்தின் மகன் ஓபேது. ஓபேதின் மகன் ஈசாய். ஈசாயின் மகன் தாவீது. அந்த வழிமரபில் வந்தவர் நம் ஆண்டவர் இயேசு. மத்தேயு அவருடைய மூதாதையர் பட்டியலில் ரூத்தின் பெயரைத் தவறாமல் எழுதுகிறார். பெத்லகேம் வயலில் வாற்கோதுமைக் கதிர் பொறுக்கிய பெண்ணின் வழிவந்தவர், கலிலேயாவில் வாற்கோதுமை அப்பத் துண்டுகளைப் பொறுக்கச் சொல்கிறார். நம் தாய்மாரின் சிக்கனம் எவ்வளவு பழைய, எவ்வளவு மேன்மையான குடும்பத்தைச் சேர்ந்தது என்று பாருங்கள்.

ரூத்தால் கதிர் பொறுக்க முடிந்ததற்கு ஒரு காரணமும் உண்டு. வயல் ஓரத்தை முற்றிலும் அறுத்துவிடாதே, சிந்தியதைப் பொறுக்காதே, அவை ஏழைக்கும் அந்நியருக்கும் உரியவை என்று லேவியர் நூலில் ஆண்டவர் சட்டமே கொடுத்திருந்தார். போவாசு அதற்கும் ஒருபடி மேலே போய், கட்டுகளிலிருந்தே சில கதிர்களை அவளுக்காக உருவிப் போடும்படி வேலையாட்களிடம் சொன்னார். எளியவர் சிந்தியதைச் சேர்க்க வேண்டும், இருப்பவர் கொஞ்சம் சிந்தவிட வேண்டும். இரண்டும் சேர்ந்ததுதான் கடவுள் விரும்பும் சிக்கனம்.

ஆகவே, சிக்கனத்தின் பெயரால் நாம் செய்யக்கூடாதவையும் உண்டு. வேலைக்கு வரும் அம்மாவுக்கு ஊசிப்போன குழம்பைக் கொடுத்துவிட்டு, உணவை வீணாக்கவில்லை என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. நாம் உண்ணத் தயங்குவதைப் பிறருக்குக் கொடுப்பது தானமாகாது. வெயிலில் கூடை சுமந்து வரும் கீரைக்காரரிடம் ஐந்து ரூபாய் குறைத்து வாங்கியதைச் சேமிப்பென்று எழுதிக்கொள்ள முடியாது. கூலியாளின் ஊதியத்தைப் பிடித்துவைத்தால் அந்தக் கூலியே கடவுளை நோக்கிக் கூக்குரலிடும் என்று யாக்கோபு தம் திருமுகத்தில் எச்சரிக்கிறார். என் வயிற்றைக் கட்டுவது சிக்கனம். அடுத்தவர் வயிற்றைக் கட்டுவது அநீதி.

சேர்த்துவைப்பதற்கும் பதுக்கிவைப்பதற்கும் உள்ள வேற்றுமையை விடுதலைப் பயண நூல் காட்டுகிறது. பாலைநிலத்தில் மன்னா பொழிந்தபோது, நாளை கிடைக்குமோ என்ற அவநம்பிக்கையில் சிலர் அதை விடியும்வரை எடுத்துவைத்தார்கள். அதில் புழு வைத்து நாற்றமெடுத்தது. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் கடவுள் சொன்னபடி இரண்டு பங்கு சேர்த்தார்கள். அது கெடவில்லை. ஒரே மன்னாதான். பயத்தால் சேர்த்தது அழுகியது, கீழ்ப்படிந்து சேர்த்தது நிலைத்தது. லூக்கா நற்செய்தியில் வரும் அறிவற்ற செல்வன், களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிட்டான். அவனுடைய திட்டம் முழுவதிலும் அவனைத் தவிர வேறு மனிதர் ஒருவர்கூட இல்லை. அவன் கெட்டது அதனால்தான்.

அன்பு கேட்கும் இடத்தில் கணக்குப் பார்ப்பதும் தவறு. அதே யோவான் நற்செய்தியில், பெத்தானியாவில் மரியா விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை இயேசுவின் காலடிகளில் பூசினார். முந்நூறு தெனாரியத்துக்கு விற்றிருக்கலாமே என்று யூதாசு கேட்டான். அப்பத் துண்டு வீணாவதைப் பொறுக்காத ஆண்டவர், அந்தத் தைலத்தை வீண் என்று சொல்ல விடவில்லை. பெற்றோரின் மருந்துக்கும் பிள்ளையின் படிப்புக்கும் துயருற்ற உறவினரைப் பார்க்கப் போகும் பேருந்துக் கட்டணத்துக்கும் கை சுருங்கினால், அதைச் சிக்கனம் என்று யாரும் பாராட்டிக்கொள்ள வேண்டாம்.

அன்பார்ந்தவர்களே, இந்தப் பீடத்தில் ஒவ்வொரு நாளும் நடப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? திருவிருந்து முடிந்ததும் அருள்பணியாளர் அப்பத்தட்டில் ஒட்டியிருக்கும் துகள்களைக் கிண்ணத்தில் சேர்க்கிறார். தண்ணீர் ஊற்றி அதைப் பருகுகிறார். மீந்த நற்கருணையைப் பேழையில் வைத்துப் பூட்டுகிறார். பேழையில் ஏன் வைக்கிறோம்? வழிபாட்டுக்காக என்று நாம் சொல்வோம், அது உண்மை. ஆனால் திருச்சபை நற்கருணையைப் பாதுகாக்கத் தொடங்கியதற்கு முதற்காரணம், கோவிலுக்கு வரமுடியாத நோயாளர்களும் இறக்கும் தறுவாயில் இருப்பவர்களும்தான். இரண்டாம் நூற்றாண்டில் மறைசாட்சி புனித ஜஸ்டின் அக்காலத்து ஞாயிறு வழிபாட்டை விவரித்து எழுதினார். வராதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் நற்கருணையைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்கிறார். வசதியுள்ளவர்கள் விரும்பியதைக் கொடுக்க, அது அநாதைகளுக்கும் கைம்பெண்களுக்கும் நோயாளர்களுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் அந்நியர்களுக்கும் போயிற்று என்றும் அதே இடத்தில் எழுதுகிறார். நம் திருப்பலியின் மீதிக்குத் தொடக்கத்திலிருந்தே ஓர் ஆள் காத்திருக்கிறார். நம் வீட்டு மீதிக்கும் ஓர் ஆள் காத்திருக்கிறார்.

காத்திருப்பவர்கள் எத்தனை பேர்? ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-இல் உலகம் வீணாக்கிய உணவு ஏறத்தாழ 105 கோடி டன். அதில் 60 விழுக்காடு வீணானது வீடுகளில். அதே உலகில் 78 கோடிக்கும் மேற்பட்டோர் பசியால் வாடினார்கள். இத்தகைய நிலையை மனத்தில் வைத்துத்தான் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2013 ஜூன் 5 அன்று ஆற்றிய மறைக்கல்வியுரையில், உணவை எறிவது ஏழையின் மேசையிலிருந்து திருடுவதற்கு ஒப்பானது என்று எச்சரித்தார். மீந்த உணவை எறியாமல் காத்த நம் தாத்தா பாட்டிகளை அப்போது அவர் நினைவுகூர்ந்தார். புவனோஸ் ஐரிஸ் பேராயராக இருந்தபோது பேருந்திலும் மெட்ரோ ரயிலிலும் சென்றவர் அவர். தமக்குத் தாமே சமைத்துக்கொண்டவர். 2015-இல் எழுதிய 'லவுதாத்தோ சி' திருமடலின் 211-ஆம் பத்தியில், உண்ணும் அளவுக்கே சமைப்பது, தண்ணீரைக் குறைத்துச் செலவிடுவது, தேவையற்ற விளக்கை அணைப்பது ஆகியவற்றைப் படைப்பைக் காக்கும் அன்றாடச் சிறு செயல்களோடு சேர்த்து எழுதினார். நீங்கள் சமையலறையில் செய்துவரும் சிறு வேலைகள் திருத்தந்தையின் திருமடலில் இடம்பெற்றிருக்கின்றன.

அப்படிப்பட்ட ஒரு சமையலறைப் பழக்கத்தைப் பாருங்கள்: மிசோரமில் பிரஸ்பிட்டேரியன் சபைக் குடும்பங்களின் பெண்கள், உலைக்கு அரிசி எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பிடியைத் தனியாக எடுத்துவைக்கிறார்கள். அதைத் திரட்டித் திருச்சபைப் பணிக்குக் கொடுக்கிறார்கள். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இது நடக்கிறது. நம் தமிழ்நாட்டு வீடுகளிலும் பிடி அரிசி எடுத்துவைக்கும் பழக்கம் இருந்தது, சில வீடுகளில் இன்றும் இருக்கிறது. ஒரு பிடி குறைந்ததால் அந்த வீட்டில் யாரும் பட்டினி கிடக்கவில்லை.

ஆகையால் இந்த வாரத்துக்கு மூன்று வேண்டுகோள்கள்.

தாய்மார்களே, தந்தையரே, உங்கள் வீட்டுச் சிக்கனப் பழக்கங்களைப் பிள்ளைகளுக்குப் பெருமையோடு சொல்லிக்கொடுங்கள். ஏன் செய்கிறீர்கள் என்ற காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். இது கடவுள் தந்தது, இதற்குப் பின்னால் உழவரின் உழைப்பு இருக்கிறது, இதன்மேல் பசித்தவருக்கும் பங்கு உண்டு என்று அவர்கள் கேட்டு வளரட்டும்.

இளைஞர்களே, திருமணப் பந்தியிலும் திருவிழா அசனத்திலும் பரிமாறும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கொஞ்சமாக வையுங்கள், கேட்பவர்களுக்கு மறுபடி வையுங்கள். பந்தி முடிவதற்கு முன்பே, சூடு ஆறும் முன்பே, கைபடாத உணவை முதியோர் இல்லத்துக்கோ நம் பங்கில் தேவைப்படும் வீடுகளுக்கோ கொண்டுசேர்க்க வழிசெய்யுங்கள்.

எல்லாரும், மிச்சம் பிடித்ததற்கு ஒரு பெயர் வையுங்கள். ஒரு டப்பாவில் தினம் ஒரு பிடி அரிசியோ, சிறுவாட்டிலிருந்து ஒரு சிறு தொகையோ போட்டுவாருங்கள். அது யாருக்கு என்று குடும்பமாக உட்கார்ந்து முடிவுசெய்யுங்கள். நம் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையினர் ஒவ்வொரு வாரமும் எளியவர்களின் வீடுகளுக்குப் போகிறார்கள். 1833-இல் பாரிஸ் நகரில் பிரடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவர் தம் நண்பர்களோடு தொடங்கிய சபை அது. மாதக் கடைசி ஞாயிறன்று உங்கள் டப்பாவை அவர்கள் கையில் கொடுங்கள்.

பன்னிரண்டு கூடைகளும் எங்கே போயின என்று யோவான் எழுதவில்லை. நம்மிடம் இருக்கும் கூடை எங்கே போக வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்கலாம். வீணாக்காத வீடு நல்ல வீடு. மீதியைப் பசித்தவருக்குக் கொண்டுபோகும் வீடே நற்செய்தியின் வீடு. உங்கள் வீடு அப்படிப்பட்ட வீடாக இருக்கட்டும். ஆமென்.