கேட்டதைக் கொடுக்கும் பூனை

ஸ்ரீரங்கத்துத் தென்கலைக் குடும்பம் எங்களுடையது. சரணாகதி வழக்கைக் குட்டிகளை வைத்தே கற்றோம். தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி தேசிகர் வழியினரான வடகலையாருக்கு. தாய் கவ்வித் தூக்கிப்போகும் பூனைக்குட்டி பிள்ளை லோகாசாரியார் வழியினரான எங்களுக்கு.

நெட்வொர்க் வேலையிலும் இந்த வழக்கு வந்து நிற்கிறது. முன்பு எந்தெந்த ரூட்டர் வழியாகப் போக வேண்டும் என்று நாங்களே பாதை கட்டுவோம். இப்போது செக்மென்ட் ரூட்டிங்கில் ‘கலர்’ என்று ஓர் எண்ணைக் கொடுத்து, ‘இதற்குத் தாமதம் குறைவாக வேண்டும்’ என்று நோக்கத்தை மட்டும் சொல்கிறோம். பாதையைக் கன்ட்ரோலர் தேடிக்கொள்ளும். கேபிள் அறுந்தால் மாற்றிக்கொள்ளும். உடன் வேலை செய்யும் வடகலைக்காரர், “ஸ்வாமி, கடைசில உங்க பூனைதான் ஜெயிச்சுது!” என்று கிண்டல் செய்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஒரு குரல் அழைப்பு. 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட். நேர்வழியில் 17 மில்லிசெகண்டில் போய்விடும், ஆனால் நெரிசலில் 70 வரை ஏறி இறங்கும். சுற்றுவழியில் எப்போதும் 40 என்று வைத்துக்கொள்வோம். பேசுகிறவருக்குச் சுற்றுவழியே நல்லது. ஒருவழித் தாமதம் 150-க்குள் இருந்தால் உரையாடல் பெரும்பாலும் கெடாது என்பது ஐ.டி.யூ. பரிந்துரை. கெடுப்பது ஜிட்டர், அதாவது தாமதத்தின் ஏற்ற இறக்கம்: பெறும் முனையின் பஃபர் காத்திருக்கும் நேரத்துக்குள் வராத பாக்கெட் வீசப்படும், சொல் நறுக்குப்பட்டுக் கேட்கும். ஆனால் செக்மென்ட் ரூட்டிங்கில் பாதை கணக்கிடும் ஃபிளெக்ஸ் அல்கோ முறையிடம் தாமதம் குறைவாக வேண்டும் என்றால் நேர்வழியைத்தான் தரும். 2023-இல் வந்த இணையத் தர ஆவணமான ஆர்.எஃப்.சி. 9350-இன்படி, அது ஒவ்வொரு இணைப்பிலும் அளந்த மிகக் குறைந்த தாமதத்தையே கூட்டுகிறது. வரிசையில் நின்ற நேரம் அந்தக் கணக்கில் பெரும்பாலும் தெரியாது.

பூனைக்குட்டி எதையும் குறிப்பிட்டுக் கேட்பதில்லை. எது நல்லது என்று தாய்க்குத் தெரியும் என்பதே தென்கலையின் உயிர். ஒப்படைப்பின் வலு முழுவதும் ஏற்பவனின் அறிவிலும் கருணையிலும் இருக்கிறது. கன்ட்ரோலருக்கு இணைப்புகளைத் தெரியும். பேசுகிறவரின் தேவை தெரியாது. வாய்விட்டுச் சொன்னது எதுவோ, அதுதான் அதற்கு நோக்கம். ஆகவே அதனிடம் ஒப்படைப்பது வேலைப் பங்கீடு மட்டுமே. வழி தேடும் பாரம் இறங்கியதும், எது வேண்டும் என்று தெளிந்து கேட்கும் பாரம் கூடுகிறது.

அதனால் ஜிட்டர் வரம்பையும் நோக்கத்தில் எழுதுகிறேன், ட்வாம்ப் என்ற அளவீட்டு நெறிமுறையை வைத்து அளக்கிறேன், மீறினால் வேறு பாதைக்குப் போகச் சொல்கிறேன். ‘சிஸ்டம் எடுத்த முடிவு’ என்று சொல்லி யாரும் தப்ப முடியாது. பெருமாளிடம் மட்டும் நான் அளவு சொல்வதில்லை.