ஊதுபத்தி எரிந்து முடியும் வரை

சைகோனில் பௌர்ணமி என்றைக்கு என்று நாட்காட்டியைப் பார்க்க வேண்டாம். காலையில் சந்தைக்குப் போனால் தெரிந்துவிடும். மீன் தட்டுகளின் பக்கம் கூட்டம் குறைந்திருக்கும். சோயாக்கட்டி விற்பவர்களையும் காளான் விற்பவர்களையும் பெண்கள் மொய்த்துக்கொண்டிருப்பார்கள். தாமரை மொட்டும் சாமந்தியும் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் வியட்நாமியப் பௌத்தர்களில் பலர் புலால் தொடுவதில்லை. அப்படி விரதச் சாப்பாடு சாப்பிடுவதை 'ஆன் சாய்' என்கிறார்கள். 1976இல் நகரத்துக்கு ஹோ சி மின் நகரம் என்று பெயர் மாற்றினார்கள். ஊரார் வாயில் அது இன்னும் சைகோன்தான். எனக்கும் அப்படியே.

வியட்நாம் சமையல் என்றாலே மாட்டிறைச்சியும் மீன் சாறும் என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். மீனையும் உப்பையும் ஊறவைத்து இறக்கும் நுவாக் மாம் இல்லாமல் அந்த நாட்டின் அன்றாடச் சமையல் இல்லை என்பது உண்மைதான். ஆனால் மடாலயங்களிலும் வீட்டுப் பூசை மாடங்களின் முன்னாலும் வளர்ந்த இன்னொரு சமையல் அங்கே இருக்கிறது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் விரதம் இருக்கிற குடும்பத்தில் பிறந்து, அந்த ஊரில் குடித்தனம் நடத்தப் போன எனக்கு அதைக் கற்றுத்தந்தவர் பக்கத்து வீட்டுப் பாட்டி. அவர் என்னைக் 'கோன்' என்பார், பிள்ளை என்று. நான் அவரைப் 'பா' என்பேன், பாட்டி என்று. உறவுமுறை சொல்லாமல் அங்கேயும் யாரும் யாரோடும் பேசுவதில்லை.

முதலில் கற்றது விரத நாளின் ஃபோ, தெளிந்த சாறு ஊற்றி உண்ணும் அரிசிச் சேமியா. மற்ற நாளில் எலும்பு வேகிற பானையில் அன்று வெள்ளை முள்ளங்கியும் கேரட்டும் மக்காச்சோளமும் முட்டைக்கோஸும் வேகும். உலர்ந்த காளானை ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிடக் கூடாது. சாற்றுக்கு உயிரே அதுதான். இஞ்சியைத் தோலோடு தணலில் வாட்டி, மேல்புறம் கருகியதும் தட்டிப் போட வேண்டும். அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, தனியா, கருப்பு ஏலக்காய் எல்லாவற்றையும் வெறும் சட்டியில் வாசம் வர வறுத்து, துணியில் முடிந்து உள்ளே இறக்க வேண்டும். சாமான்கள் அநேகமாக நம் வீட்டில் இருப்பவைதான். ஆனால் எதையும் அரைப்பதில்லை, எதையும் தாளிப்பதில்லை. விரதம் கண்டிப்பாகப் பார்க்கிறவர்கள் பூண்டும் வெங்காயமும் சேர்ப்பதில்லை. இனிப்புக்குக் கற்கண்டு. ஆம், நாம் சாமிக்கு வைக்கிற அதே கற்கண்டு! பிறகு பானையை மூடாமல், தளதளவென்று கொதிக்க விடாமல், சிறு தீயில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டும். தீயைக் கூட்டினால் சாறு கலங்கிவிடும்.

புளியும் மிளகாயும் வைத்தே சமைத்துப் பழகிய கைக்கு இது பெரிய தவம். மசாலாவுக்குள் ஒளிந்துகொள்ள இடமில்லை. வடிகட்டி ஊற்றினால், கூழாங்கல் தெரிய ஓடும் தாமிரபரணித் தண்ணீராக அந்தச் சாறு கிண்ணத்தில் நிற்கும். அடியில் கிடக்கும் அரிசிச் சேமியாவின் ஒவ்வொரு இழையும் கண்ணுக்குத் தெரியும்.

ஆனால் நான் சொல்ல வந்தது செய்முறையை அல்ல. அதற்குப் பின் நடப்பதை.

அந்தப் பானையிலிருந்து பாட்டி ஒரு சொட்டைக்கூட நாக்கில் விட மாட்டார். குனிந்து ஆவியை முகர்வார். கண்ணை மூடுவார். உப்பை ஒரு சிட்டிகை கூட்டுவார், அவ்வளவுதான். எங்கள் அம்மாவும் அப்படித்தான். நைவேத்தியத்தை ருசி பார்க்காதே, மூக்கால் பார், மனசால் பார் என்பார். சிறுவயதில் எனக்கு அது வெறும் ஆசாரமாகப் பட்டது. கடல் கடந்து ஒரு வியட்நாமியப் பாட்டியின் அடுப்படியில் நின்றபோதுதான் அது எவ்வளவு பெரிய சரணாகதி என்று எனக்கு உறைத்தது. நான் செய்தது நன்றாக வந்ததா என்று எனக்கே தெரியாது; உனக்குத்தான் முதலில் தெரிய வேண்டும் தாயே என்று ஏந்திக் கொண்டுபோய் வைப்பது! சமைத்தவளின் பெருமை அந்த இடத்தில் கழன்று விழுந்துவிடுகிறது.

வீட்டின் முன்கட்டிலேயே மாடம் இருக்கும். மேல் தட்டில் குவான் ஆம் என்கிற கருணைத் தாய். அதற்குக் கீழே முன்னோர்களின் படங்கள், தண்ணீர்க் கிண்ணங்கள், பூ, பழம். சுடச்சுட ஃபோவை வைத்து மூன்று ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டுப் பாட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். ஊதுபத்தி எரிந்து முடியும் வரை யாரும் உணவைத் தொடக் கூடாது. அதற்குப் பிறகுதான் கீழே இறக்கி எல்லோரும் சாப்பிடுவார்கள். சாமி உண்டு மீதி வைத்த அருளைப் பெறுகிறோம் என்பது அவர்கள் எண்ணம். பிரசாதம் என்று நான் சொன்னேன். அந்தச் சொல் பாட்டிக்குத் தெரியாது. ஆனால் நான் அந்தக் கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டதைப் பார்த்து அவர் கண் கலங்கியது.

அந்தக் காத்திருப்பு! அதை எப்படிச் சொல்வேன்? ஊதுபத்தியின் புகையும் கிண்ணத்தின் ஆவியும் ஒன்றோடொன்று கலந்து மேலே ஏறும். அன்னாசிப்பூவின் மணம் எது, சந்தனத்தின் மணம் எது என்று பிரிக்க முடியாமல் போகும். வயிறு பசித்திருக்கும், மனம் நிறைந்து வழியும். ஒரு நாள் அப்படி உட்கார்ந்திருந்தபோது என் உடம்பெல்லாம் சிலிர்த்து, காரணம் தெரியாமல் கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது. குவான் ஆம் கையில் ஒரு சிறு குடுவை உண்டு. உள்ளே இருப்பது அமுதம் என்பார்கள். அந்தக் குடுவை என் பக்கம் சாய்ந்ததை நான் உணர்ந்தேன். கண்ணால் கண்டேன் என்று சொல்லவில்லை. உணர்ந்தேன். அன்று சாப்பிட்ட அந்தத் தெளிந்த சாற்றின் முதல் வாயில் இருந்தது உப்போ இனிப்போ அல்ல. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டவளுக்குத் திரும்பக் கிடைக்கிற ருசி.

புத்த கோயில்களில் பௌர்ணமிச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறேன். அங்கே துறவிகள் முதல் மூன்று வாய் வெறும் சோற்றை மட்டும் உண்பார்கள். தீமையை விடுவேன் என்று ஒரு வாய், நன்மை செய்வேன் என்று ஒரு வாய், எல்லா உயிரையும் கரையேற்றுவேன் என்று ஒரு வாய். அதன் பிறகே குழம்பும் காயும். வெறும் சோற்றுக்கு இவ்வளவு இனிப்பு உண்டு என்று அந்த மூன்று வாயில்தான் அறிந்தேன். இன்று வரை அந்த வழக்கத்தை நான் விட்டதில்லை.

கீரைத் தட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. துளசிக் குடும்பத்து ஹுங் குவே, ஊதா நிற இலையான தியா தோ, புதினா, ரம்பப் பல் விளிம்போடு கொத்தமல்லி மணக்கும் ஒரு நீள இலை, முளைப்பயறு, எலுமிச்சை, மிளகாய். இவை பச்சையாகவே இலையும் காம்புமாக வந்து நிற்கும். கிள்ளிச் சேர்ப்பது உண்பவரின் வேலை. சைகோனுக்கு வடமேற்கே தை நின் மாகாணத்தில் சாங் பாங் என்றோர் ஊர். அங்கே அரிசி மாவை ஆவியில் மெல்லிசாக வார்த்து, வெயிலில் காயவைத்து, லேசாகச் சுட்டு, இரவுப் பனியில் விரித்து மென்மையாக்குகிறார்கள். அந்த அரிசித் தாளில் இலைகளையும் வறுத்த சோயாக்கட்டியையும் வைத்துச் சுருட்டும்போது, கை அர்ச்சனை செய்துகொண்டிருக்கும். நான் வாய்விட்டு நாமம் சொல்லிக்கொண்டேதான் சுருட்டுவேன். 1926இல் அந்தத் தை நின்னில்தான் காவ் தாய் சமயம் முறையாகத் தொடங்கியது. அதன் அடியார்களும் மாதத்தில் குறித்த நாட்களில் புலால் மறுக்கிறார்கள். அந்த மண்ணின் மரக்கறிச் சமையல் இத்தனை செழிப்பாக இருப்பதில் வியப்பில்லை.

அடுப்புக்கும் அங்கே தெய்வம் உண்டு. மூன்று அடுப்புக் கற்களே மூன்று தெய்வங்கள், இரண்டு ஆணும் ஒரு பெண்ணும். வருடக் கடைசி மாதத்தின் 23ஆம் நாள் கெண்டை மீன் மேல் ஏறி மேலுலகம் போய் அந்த வீட்டின் கதையை எல்லாம் சொல்வார்களாம். தென்பகுதியில் அவர்களுக்கு வேர்க்கடலை மிட்டாயும் எள் மிட்டாயும் படைத்து வழியனுப்புகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே வூ லான். ஏழாம் மாதப் பௌர்ணமி. புத்தரின் சீடர் மௌத்கல்யாயனர் இறந்துபோன தன் தாயைத் தேடுகிறார். அவள் பசிப்பேயாகக் கிடக்கிறாள். பிள்ளை சோறு கொடுக்கிறான்; வாய்க்குப் போகும் முன்பே அது நெருப்பாகிவிடுகிறது. மழைக்கால நோன்பு முடித்து வரும் துறவியருக்கு உணவு படை, அந்தப் புண்ணியம் அவள் பசி தீர்க்கும் என்கிறார் புத்தர். அன்றைக்குத்தான் தாய் உயிரோடு இருப்பவர்கள் சட்டையில் சிவப்பு ரோஜாவும், தாயை இழந்தவர்கள் வெள்ளை ரோஜாவும் குத்திக்கொள்கிறார்கள். ஹுவேயில் பிறந்து, 16 வயதில் து ஹியூ மடத்தில் சேர்ந்து, உலகத்துக்கே விழிப்போடு உண்ணக் கற்றுத்தந்து, 2022இல் அதே மடத்தில் மறைந்த திக் நாட் ஹான் 1962இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையால் பரவிய வழக்கம் அது.

எனக்கு வெள்ளை ரோஜாதான் கிடைத்தது. அன்று பாட்டி தன் முன்னோர்களின் படங்களுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கி, என் அம்மாவின் படத்தை வைக்கச் சொன்னார். நான் சமைத்த ஃபோவை அம்மாவுக்கு வைத்தேன். சிவப்பு காக் பழம் சேர்த்து அவித்த ஒட்டரிசிச் சோற்றையும் வைத்தேன். என் அம்மா கடல் தாண்டிப் போனவரில்லை. புளியோதரைக்குப் பேர்போன கை அவருடையது. அந்தக் கிண்ணத்தின் முன்னால் அவர் வந்து உட்கார்ந்தார் என்பதில் எனக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. வாசலில், கேட்பாரில்லாத ஆவிகளுக்கென்று பாட்டி வெள்ளைக் கஞ்சியும் உப்பும் அரிசியும் வைத்தார். யாரும் பசியோடு போய்விடக் கூடாதே என்ற அந்தப் பதைப்பு இருக்கிறதே, அதுதான் எனக்கு பக்தி.

குவான் ஆம் நமக்கு அயலவள் அல்ல. அவலோகிதேசுவரரையே அவர்கள் தாய் வடிவில் வணங்குகிறார்கள். அந்த அவலோகிதரிடம்தான் அகத்தியர் தமிழ் கேட்டார் என்கிறது, 11ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம். அவலோகிதர் உறையும் போதலக மலையை நம் பொதிகையாகவே கொள்ளும் ஆய்வாளர்கள் உண்டு. பொதிகைத் தென்றலில் நின்றவள் சைகோன் சந்துக்குள் ஒரு பாட்டியின் மாடத்தில் உட்கார்ந்து என் கையால் ஃபோ வாங்கிக்கொண்டாள்! மணிமேகலையின் அமுதசுரபி எங்கே போயிற்று என்று இனி யாரும் என்னிடம் கேட்க வேண்டாம்.

மாரியம்மனும் அங்கே இருக்கிறாள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழர்கள் எழுப்பிய கோயில். 1975க்குப் பிறகு தமிழர்களில் பெரும்பாலோர் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். அம்மன் தனித்துப் போகவில்லை. வியட்நாமியரும் சீனரும் நாள்தோறும் வருகிறார்கள். கருவறைக்குப் பின்சுவரில் நெற்றியைப் பதித்து, கல்லின் காதில் தங்கள் குறைகளைச் சொல்லி அழுகிறார்கள்.

இதைப் படிக்கிறவர்கள் அடுத்த பௌர்ணமிக்கு இந்தச் சாற்றை ஒரு முறை வைத்துப் பாருங்கள். முள்ளங்கியும் கேரட்டும் காளானும் எங்கும் கிடைக்கின்றன. ஃபோவுக்கான தட்டைச் சேமியா கிடைக்காவிட்டால் அரிசிச் சேவை போதும். ருசி பார்க்காமல் உங்கள் வீட்டுச் சாமிக்கு முதலில் வையுங்கள்; ஊதுபத்தி முடிந்த பிறகு எல்லோருமாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். சைகோனுக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு வேண்டுகோள்: மாரியம்மன் கோயில் சுவாங் தின் தெருவில், 45ஆம் எண்ணில் இருக்கிறது. பென் தான் சந்தையிலிருந்து நடக்கிற தூரம்தான். பூ வாங்கிக்கொண்டு போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள்.