சிறுவயதில் காயப்பட்டவர் யாரை நம்புவது?

 

2024 மார்ச் மாதத்தைப் புதுச்சேரியில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். முத்தியால்பேட்டையில் விளையாடிக்கொண்டிருந்த 9 வயதுச் சிறுமி காணாமல் போனாள். சில நாள் கழித்து, கால்வாயிலிருந்து அவளுடைய ஜனாஸாவை எடுத்தார்கள். கைது செய்யப்பட்டவர்கள் அதே பகுதியைச் சேர்ந்தவர்கள். ஊரே வீதிக்கு வந்தது, கடைகள் அடைக்கப்பட்டன. வரத்தான் வேண்டும்.

அந்த நாட்களில் இன்னொரு கூட்டமும் இந்த ஊரில் இருந்தது. அவர்கள் வீதிக்கு வரவில்லை. செய்தியைப் பார்த்துவிட்டு டிவியை அணைத்தவர்கள், அன்று இரவு தூங்காதவர்கள், ஏன் தூங்கவில்லை என்று பக்கத்தில் படுத்திருந்த மனைவிக்கோ கணவருக்கோ சொல்லாதவர்கள். சிறுவயதில் தங்களுக்கும் ஒரு கொடுமை நடந்து, உயிர் பிழைத்து, வளர்ந்து, இன்று நம்மோடு ஸஃப்பில் நிற்பவர்கள். இன்றைய பேச்சு அவர்களுக்காக.

இது அங்கொன்றும் இங்கொன்றுமாக நடப்பது என்று நினைக்காதீர்கள். மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் 2007-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் கேட்டார்கள். ஏதாவது ஒரு வகையில் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாகச் சொன்னவர்கள் 53 சதவீதம். அதில் பாதிக்கு மேல் ஆண்பிள்ளைகள். இதைக் கேட்டதும் 'ஆம்பளப் பசங்களுக்கா?' என்று புருவத்தைத் தூக்குகிறோமே, அந்தப் புருவம்தான் அவர்கள் வாயை அடைக்கிறது. செய்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், பிள்ளை நம்பியவர்கள்.

அதனால்தான் இந்தக் காயம் வேறு மாதிரியானது. அந்நியன் அடித்தால் உடம்பு வலிக்கும். மாமா என்றும் ஹஜ்ரத் என்றும் அண்ணன் என்றும் கூப்பிட்ட ஒருவர் கை வைத்தால், பாசத்தோடு நீளும் எந்தக் கையைப் பார்த்தாலும் பிற்பாடு உடம்பு பின்வாங்கும். கல்யாணமாகும், கணவர் நல்லவராகவே இருப்பார், ஆனாலும் தோளைத் தொட்டதும் துள்ளி விழுவாள். அவளுக்கு அன்பு வேண்டாம் என்றில்லை. அன்பு எந்த வாசல் வழியாக வந்ததோ, அதே வாசல் வழியாகத்தான் ஆபத்தும் வந்தது.

சகோதரர்களே, யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை நாம் அழகுக்காகவும் கனவுக்காகவும் பேசுகிறோம். இந்தக் கோணத்தில் ஒருமுறை பாருங்கள். சிறுபிள்ளையைக் கிணற்றில் போட்டது யார்? உடன்பிறந்தவர்கள். அற்ப விலைக்கு விற்கப்பட்டு அந்நிய நாட்டு வீட்டில் வளர்ந்தார்கள். அந்த வீட்டுக்குள்ளேயே, அவர்களை வளர்த்த வீட்டின் எஜமானியே கதவுகளை அடைத்துவிட்டு அவர்களைத் தவறுக்கு அழைத்தாள். ஓடிய பிள்ளையின் சட்டை பின்பக்கம் கிழிந்திருந்தது. குற்றம் யாருடையது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? வீட்டுக்காரருக்கும் புரிந்தது. இருந்தும் கடைசியில் சிறைக்குப் போனது யார்? யூசுஃப் (அலை) அவர்கள்தான். பெரிய இடத்து மானத்துக்காகப் பாதிக்கப்பட்டவரையே மறைத்து வைக்கும் வழக்கம் நேற்று தொடங்கியதல்ல என்பதை அல்லாஹ் குர்ஆனிலேயே காட்டிவிட்டான்.

வருடங்கள் போயின. தானியத்துக்காக அண்ணன்மார் வந்து எதிரே நிற்கிறார்கள். யூசுஃப் (அலை) அவர்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள். ஆனால் உடனே 'நான்தான் யூசுஃப்' என்று கட்டிப்பிடித்தார்களா? இல்லை. தம்பியை அழைத்து வரச் சொன்னார்கள், பார்த்தார்கள், காத்திருந்தார்கள். அடுத்த முறை தம்பி வந்ததும், அவரைத் தனியாகத் தம்மிடம் சேர்த்துக்கொண்டு, அவருக்கு மட்டும் தாம் யார் என்று சொன்னார்கள். தீங்கு செய்யாத ஒருவரிடம், மற்றவர்கள் அறியாமல், முதலில். அண்ணன்மார் எதிரிலேயே பழி பேசியபோதும் மனதுக்குள் அடக்கிக்கொண்டார்கள். அந்த அண்ணன்மார் தாங்கள் தவறு செய்தவர்கள் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் மன்னிப்பு வந்தது. வரிசையைக் கவனியுங்கள்.

தந்தை யஃகூப் (அலை) அவர்களையும் பாருங்கள். இளைய மகனை அனுப்புங்கள் என்று பிள்ளைகள் கேட்டபோது, முன்பு இவன் அண்ணன் விஷயத்தில் நம்பியது போலவா உங்களை நம்ப வேண்டும் என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். அல்லாஹ்வின் பெயரால் உறுதிமொழி வாங்கிய பிறகே அனுப்பினார்கள். ஒரு நபி, சொந்த மகன்களிடம் உறுதி கேட்கிறார்கள். அதை யாராவது ஈமான் குறைவு என்பார்களா?

அப்படியிருக்க, காயப்பட்ட ஒரு பெண்ணிடம் நாம் என்ன சொல்கிறோம்? 'உனக்குத் தவக்குல் இல்லை', 'எல்லாரையும் சந்தேகப்படாதே', 'பெரியவர், போகட்டும், மன்னிச்சிரு'. பிறகு அந்த ஆளையே பெருநாள் சஹனில் அவள் எதிரே உட்கார வைத்து, பரிமாறவும் சொல்கிறோம்.

நபி (ஸல்) அவர்களின் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) அவர்களை உஹதில் ஈட்டி எறிந்து கொன்றவர் வஹ்ஷி. பின்னாளில் இஸ்லாத்தை ஏற்று வந்தார். நபி (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் உன் முகத்தை என் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். புகாரியில் வரும் செய்தி இது. வஹ்ஷியும் அப்படியே விலகியிருந்தார். அகிலத்துக்கே அருட்கொடையாக வந்தவர்களின் இதயத்துக்கே அந்த முகத்தைப் பார்ப்பது பாரமாக இருந்தது. மன்னிப்பு வேறு, பழக்கம் வேறு. மன்னிப்பதா வேண்டாமா என்பதும் உங்கள் உரிமை. அதை ஜமாஅத் தலைவரோ பெரியம்மாவோ உங்கள் சார்பில் கொடுத்துவிட முடியாது.

பிரான்சில் உறவுக்காரர் இருக்கும் வீடுகள் நம்மூரில் நிறைய. அவர்களைக் கேட்டுப் பாருங்கள். 2021-ல் அந்த நாட்டு அரசு ஓர் ஆணையம் அமைத்து, சிறுவயதில் இப்படிப் பாதிக்கப்பட்டவர்களைப் பேச அழைத்தது. மூன்று வருடத்துக்குள் ஏறக்குறைய 30,000 பேர் பேசினார்கள். நடுவயதைத் தொட்டவர்கள் பலர். 'நாங்கள் உங்களை நம்புகிறோம்' என்பதே அந்த ஆணையம் எடுத்துக்கொண்ட அடிப்படை. முதலில் ஒருவர் இவர்களை நம்ப வேண்டும். இவர்கள் மற்றவர்களை நம்புவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சரி, அன்பு திரும்பக் கிடைக்குமா? கிடைக்கும், இன்ஷா அல்லாஹ். அனஸ் (ரலி) அவர்கள் பத்து வயதில் நபி (ஸல்) அவர்களின் வீட்டுக்குப் பணிவிடை செய்ய வந்தார்கள். பெற்ற வீடல்ல, அடுத்தவர் வீடு. பத்து வருடம் இருந்தார்கள். ஒருமுறைகூட 'சீ' என்ற சொல்லைக் கேட்டதில்லை என்று முதுமையிலும் சொன்னார்கள். பாதுகாப்பான பெரியவர் என்றால் யார் என்பதற்கு இதுதான் அளவுகோல். இந்த அளவுகோலை வைத்து மனிதர்களை அளந்து பாருங்கள். ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிப் பாருங்கள், அதை அவர் எப்படிப் பாதுகாக்கிறார் என்று கவனியுங்கள். 'வேண்டாம்' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறுகிறதா என்று கவனியுங்கள்.

திருமணத்துக்குத் தயங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குச் செய்யப்பட்டது உங்கள் பாவமல்ல. பெண் பார்க்க வரும் வீட்டாரிடம் ஒப்பிக்க வேண்டிய குறையும் அல்ல. உங்கள் துணையிடம் எப்போது சொல்வது, எவ்வளவு சொல்வது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். கேட்கப்போகும் கணவர்மாரே, மனைவிமாரே! 'இத்தனை நாள் ஏன் சொல்லல?' என்பது உங்கள் முதல் கேள்வியாக இருக்க வேண்டாம். சூரா அர்ரூமில் அல்லாஹ் இல்லறத்தைச் சொல்லும்போது, துணையிடம் அமைதி பெறுவதை முதலில் வைக்கிறான், அன்பும் கருணையும் அடுத்து வருகின்றன. விளக்கைப் போடச் சொன்னால் போடுங்கள். இன்று வேண்டாம் என்றால் விலகிப் படுங்கள். மாதக்கணக்கில் ஆகலாம். மருத்துவரைப் பார்க்க வேண்டுமென்றால் கூடவே போங்கள். கோரிமேடு ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் வீட்டிலிருந்தே பேசலாம். துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

கடைசியாக நிர்வாகிகளுக்கும் மதரஸா பொறுப்பாளர்களுக்கும். போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இப்படி நடந்தது என்று தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்வது கட்டாயம். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை. பள்ளிவாசல் அறையில் உட்கார வைத்து, கையெழுத்து வாங்கிச் சமாதானம் பேச நமக்கு அதிகாரம் இல்லை. பிள்ளைகள் நேரடியாக அழைக்க 1098 இருக்கிறது. அந்த எண்ணை மதரஸா சுவரில், சிறுவர்களின் கண் உயரத்தில் எழுதி வையுங்கள்.

யா அல்லாஹ்! இந்த ஸஃப்புகளில் யாருக்கும் சொல்லாத வலியோடு நிற்பவர்களை நீ அறிவாய். அவர்களுக்குப் பின்யாமீனைப் போல ஒருவரைக் கொடு. ஆமீன்.