புகை ஒன்று, நெருப்பு எத்தனை?

காஞ்சிபுரத்தில் ஒரு கபாலம் காணாமல் போகிறது. காபாலிகன் ஒருவன் பிச்சை வாங்கவும் கள் குடிக்கவும் வைத்திருந்த மண்டையோடு அது. உள்ளே சுட்ட இறைச்சி இருந்ததால், எடுத்தது ஒன்று நாயாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பௌத்த பிக்குவாக இருக்க வேண்டும் என்று அவன் முடிவு கட்டுகிறான். அந்த நேரம் பார்த்து ஒரு பிக்கு ஆடைக்குள் எதையோ மறைத்தபடி வருகிறார். பிடித்துக்கொள்கிறான். வாய்ச்சண்டை முற்றுகிறது, பாசுபதன் ஒருவன் நாட்டாமைக்கு வருகிறான். கடைசியில் ஒரு பைத்தியக்காரனிடம் கபாலம் கிடைக்கிறது. அவன் அதை ஒரு நாயிடமிருந்து வாங்கியிருந்தான். முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்ற சமஸ்கிருத நாடகத்தின் கதை இது.

காபாலிகனின் சந்தேகப் பட்டியலில் சரியான விடையும் இருந்தது என்பதுதான் வேடிக்கை. நாயைத் தேடிப் போவது கஷ்டம், பிக்கு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்.

வீட்டுக் கம்ப்யூட்டர் நின்றுபோன அன்றைக்கும் இதே நாடகம்தான் நடக்கிறது. “நேத்து ரெண்டு தடவை கரண்ட் போச்சுல்ல, அதான்” என்கிறார் அப்பா. “தம்பி ஏதோ கேம் ஏத்தினான், அதுலேர்ந்துதான்” என்கிறாள் அக்கா. அப்டேட்டைத் திட்ட ஒருவர் எப்போதும் இருப்பார். காஞ்சியின் நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையம் பக்கம் சேலை டிசைனைக் கம்ப்யூட்டரில் போடுகிற வீடாக இருந்தால் பதற்றம் இன்னும் கூடும். டிசைன் உள்ளே மாட்டிக்கொண்டால் தறி காத்திருக்க வேண்டும். ஆளுக்கொரு பிக்குவைப் பிடித்துவிடுகிறார்கள்.

விளைவு கண்ணுக்குத் தெரிகிறது, காரணம் தெரிவதில்லை. ஒன்றைக் கண்டு மற்றதை அறிந்தேன் என்று சொல்ல எப்போது உரிமை வருகிறது? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பல தலைமுறை மல்லுக்கட்டிய ஊர் காஞ்சி. பௌத்த அளவை நூலின் பெரும் ஆசிரியரான திங்நாகர் காஞ்சியை அடுத்த ஊரில் பிறந்தவர் என்கிறது திபெத்திய மரபு. நாளந்தாவில் தலைமை ஆசிரியராக இருந்த தர்மபாலர் இவ்வூர்க்காரர் என்று 7ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த யுவான் சுவாங் குறித்து வைத்திருக்கிறார். சாத்தனார் தம் மணிமேகலையை ஊர் ஊராக அலையவிட்டு, பல சமயத்தார் பேச்சையும் கேட்கவைத்து, கடைசியில் காஞ்சிக்குத்தான் கூட்டி வருகிறார். அங்கே பௌத்தத் துறவி அறவண அடிகள் அவளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது தியானம் அல்ல, தர்க்கம்.

அது வரும் மணிமேகலைக் காவியத்தின் இருபத்தொன்பதாம் காதையைப் பலர் தாண்டிப் போய்விடுவார்கள். கதை நின்று, இலக்கணப் புத்தகம் போல ஓடும் பகுதி அது. போலி வாதங்களின் பட்டியல் மட்டுமே பக்கப்போலி ஒன்பது, ஏதுப்போலி பதினான்கு, திட்டாந்தப்போலி பத்து என்று நீள்கிறது. ஆனால் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவருக்கு இந்தக் காவியத்தில் ஆக உதவும் பகுதி இதுதான். அறிவதற்கு வழி இரண்டே, நேரே காண்பதும் கருதி அறிவதும் என்கிறார் அடிகள். கருதி அறிவதில் பிழை வரலாம். காரணத்தைக் கண்டு காரியம் வரும் என்று நினைப்பதும் பொதுவான தொடர்பை வைத்து ஊகிப்பதும் தவறிப் போகக்கூடும். புகையைக் கண்டு நெருப்பை அறிவது போல, காரியத்திலிருந்து காரணத்துக்குப் போவதே தவறாதது என்பது அவர் தீர்ப்பு.

விண்டோஸின் நீலத் திரையை அறவண அடிகள் பார்த்ததில்லை.

அது ஒரு தற்காப்பு ஏற்பாடு. இனியும் ஓடினால் உள்ளே இருப்பது கெட்டுவிடும் என்ற நிலை உள்மையத்தில் வந்ததும் விண்டோஸ் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. (2025இல் விண்டோஸ் 11 அந்தத் திரையைக் கறுப்பாக்கிவிட்டது. புகையின் நிறம் மாறியது, அவ்வளவுதான்.) ரேம் கெட்டாலும் திரை அதே திரைதான். டிரைவர் முரண்டு பிடித்தாலும், டிஸ்க் தேய்ந்தாலும், பவர் சப்ளை தள்ளாடினாலும், விசிறியில் தூசி அடைத்துச் சூடேறினாலும் அதுவேதான். ஒரே புகைக்கு ஐந்தாறு நெருப்பு. அப்படியானால் காரியத்திலிருந்து காரணம் தவறாமல் கிடைக்கும் என்பது என்ன ஆவது?

பின்வந்த பௌத்த தர்க்கவாதிகள் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தார்கள். காரியத்தை நன்றாகப் பிரித்துப் பார்த்தால் அது தன் காரணத்தை விட்டு விலகாது, குற்றம் புகையில் இல்லை, பார்க்கிற கண்ணில் இருக்கிறது என்பது அதன் சாரம். நெசவாளருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜக்கார்டு தறியில் நெய்த சேலையில் பூ கோணலாக விழுந்தால், ‘டிசைன் தப்பு’ என்று பொதுவாகச் சொல்லி அவர் நிற்க மாட்டார். ஒவ்வொரு பூவிலும் அதே இடத்தில், அதே ஊடையில் பிசகு வந்தால் அட்டையில் ஒரு துளை தவறு. பாவின் நீளத்துக்கு ஒரே கோடாக இறங்கினால் இழையோ கொக்கியோ போயிருக்கிறது. எங்கோ ஒன்று, எப்போதோ ஒன்று என்றால் கையும் காலும் பிசகியிருக்கின்றன. கம்ப்யூட்டரிலும் திரையின் கீழே வரும் சிறு எழுத்து இந்த வேலையைத்தான் செய்கிறது. ‘இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்’ என்று வந்தால் தேட வேண்டியது டிஸ்க்கையும் அதற்குப் போகும் வழியையும். ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்று வந்தால் ரேமைச் சோதிக்கத் தொடங்கலாம், ஆனால் கெட்ட டிரைவரும் இதே வார்த்தையை வரவழைக்கும். எழுத்து தேடலைச் சுருக்குகிறது. தீர்ப்புச் சொல்வதில்லை.

தீர்ப்புக்குத் திங்நாகர் மரபு மூன்று நிபந்தனை வைக்கிறது. சொல்லும் ஏது, அதாவது சான்றாகக் காட்டும் அடையாளம், இந்த இடத்தில் இருக்க வேண்டும், ஒத்த இடத்தில் இருக்க வேண்டும், ஒவ்வாத இடத்தில் இருக்கக் கூடாது. மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ரேமைக் கழற்றி, பள்ளிக்கூட ரப்பரால் அதன் பொன்னிறப் பற்களைத் தேய்த்து மாட்டியதும் கம்ப்யூட்டர் எழுந்துகொள்கிறது. அழுக்குதான் காரணமா? கழற்றி மாட்டியதில் தளர்ந்திருந்தது இறுகியிருக்கலாம், கரண்டை நிறுத்தி வைத்ததில் சூடு தணிந்திருக்கலாம். சேஃப் மோடு கொஞ்சம் நேர்மையானது. அவசியமானவை தவிர மற்ற டிரைவர்களை ஏற்றாமல் ஒரு ஒவ்வாத இடத்தை அதுவே உண்டாக்கித் தருகிறது. அங்கே பழுது வரவில்லையென்றால் குற்றவாளி வெளியே நிறுத்தப்பட்டவர்களில் ஒருவர் எனலாம். அதிலும் ஒரு ஓட்டை உண்டு. சேஃப் மோடில் கிராபிக்ஸ் கார்டுக்கு வேலை குறைவு, ஆகவே சூட்டால் வரும் பழுதும் அங்கே ஒளிந்துகொள்ளும். ஒத்த இடத்திலும் ஒவ்வாத இடத்திலும் கால் வைத்து நிற்கும் இப்படிப்பட்ட ஏதுவுக்கு மணிமேகலை வைத்த பெயர் அநைகாந்திகம்.

2024 ஜூலை 19 காலை உலகமே ஒரு அநைகாந்திகத்தில் விழுந்தது. விமான நிலையங்களில் திரைகள் நீலமாகின, இந்தியாவில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். “விண்டோஸ் படுத்துவிட்டது” என்பதே எங்கும் பேச்சு. அன்று காஞ்சிபுரத்து வீடுகளில் விண்டோஸ் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. அதுவே போதுமான மறுப்பு, யாரும் அதைப் பார்க்கவில்லை. முடங்கியவை சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள், விண்டோஸ் ஓடுபவற்றில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. எல்லாவற்றிலும் நிறுவனங்கள் வாங்கிப் போடும் கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருள் இருந்தது. அப்படியானால் கிரவுட்ஸ்ட்ரைக் மட்டுமே காரணமா? அதே மென்பொருள் இருந்த மேக், லினக்ஸ் கம்ப்யூட்டர்களுக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை. அந்த நிறுவனம் ஆகஸ்டில் வெளியிட்ட விளக்கத்தின்படி, 21 தகவல்களை எதிர்பார்த்த இடத்துக்கு 20தான் கொடுக்கப்பட்டது. இல்லாத இருபத்தொன்றாவதைத் தேடி நிரல் தன் எல்லைக்கு வெளியே கைவிட்டது. முன்பு நடந்த சோதனைகளில் அந்த இருபத்தொன்றாவது இடத்தில் ‘எதுவானாலும் சரி’ என்று விட்டிருந்ததால் பிசகு தலைகாட்டவில்லை.

இவை எல்லாம் ஒன்றுகூடியபோதுதான் திரை நீலமானது. இப்படி ஒன்றைச் சார்ந்து ஒன்று என்பதைத்தான் அறவண அடிகள் முப்பதாம் காதையில் எடுத்துக்கொள்கிறார். பேதைமையில் தொடங்கி வினைப்பயனில் முடியும் பன்னிரண்டு கண்ணிகளில் ஒன்றும் தனியாக நின்று துன்பத்தை உண்டாக்குவதில்லை. இங்கே ஒரு எதிர்வாதம் உண்டு, அதுவும் பௌத்தத்துக்குள்ளிருந்தே. அம்பு தைத்தவன், எய்தவன் யார், எந்தக் குலம், வில் எந்த மரம் என்று கேட்டுக்கொண்டிருந்தால் செத்துப்போவான் என்று புத்தர் மாலுங்கியபுத்தர் என்ற பிக்குவுக்குச் சொன்னார். ரீஸ்டார்ட் செய்யுங்கள், முடியாவிட்டால் ஃபார்மட் அடியுங்கள் என்பவர் தாமறியாமல் இந்தக் கட்சி. ஆனால் அந்தச் சூத்திரத்தில் புத்தர் ஒதுக்கியது உலகம் முடிவுள்ளதா, முடிவற்றதா போன்ற கேள்விகளை. துன்பம் எங்கிருந்து வருகிறது என்பதை அவர் ஒதுக்கவே இல்லை. ஃபார்மட் அடித்த மறுவாரம் அதே திரை வரும்போது அந்த வேறுபாடு புரிந்துவிடும்.

காஞ்சியில் நெல்லுக்காரத் தெருவில் சித்திரகுப்தருக்குத் தனிக் கோயில் இருக்கிறது. ஒரு கையில் எழுத்தாணி, ஒரு கையில் ஏடு. விண்டோஸுக்குள்ளும் ஈவன்ட் லாக் என்று அப்படியொரு கணக்கர் உட்கார்ந்து, எது எந்த நொடியில் தொடங்கியது, எது விழுந்தது என்று எழுதிக்கொண்டே இருக்கிறார். வினைக் கொள்கையை நம்புகிறவர் ஏட்டில் பார்ப்பது செயலும் பயனும். ஈவன்ட் லாக்கில் இருப்பது முன்னும் பின்னும் மட்டுமே, ‘ஆகையால்’ என்ற சொல்லை வாசிப்பவர்தான் போட வேண்டும். அந்த முன்பின்கூட மதர்போர்டில் காசு அளவில் பதிந்திருக்கும் பேட்டரியை நம்பி இருக்கிறது. அது தீர்ந்துவிட்டால், இரவில் சுவிட்சை அணைக்கிற வீட்டில் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். பிரவுசர் வங்கியின் தளத்தையே பாதுகாப்பற்றது என்று தடுக்கும், ஏனென்றால் அதன் சான்றிதழ் அந்தக் கடிகாரப்படி இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவே இல்லை. வீட்டார் இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போடுவார்கள். ஈவன்ட் லாக்கைத் திறந்தால் இன்று காலை விழுந்தது பல வருடத்துக்கு முன் விழுந்ததாக எழுதியிருக்கும். ஆகவே பழகிய மெக்கானிக் எந்தப் பதிவையும் படிக்கும் முன் திரையின் வலது கீழ் மூலையில் தேதியைப் பார்க்கிறார். தப்பாக இருந்தால் பேட்டரியை மாற்றி, நேரத்தைச் சரிசெய்துவிட்டு, பழுது இன்னொரு முறை வரட்டும் என்று காத்திருக்கிறார்.